தெரியுதா அண்ணாச்சி?

ராஜபாளையத்தில் தென்காசி ரோட்டோரம் லிங்கேஸ்வரன் வைத்திருக்கும் பைக் சாமான் கடைக்குள் சித்திரை மாதத்து நடுப்பகலில் போய் நின்றால் உச்சி முதல் உள்ளங்கால் வரை வேர்த்து ஊற்றும். அந்தக் கடைக்குள் ஒரே ஒரு ஆளுக்கு மட்டும் குளிரும். சேலைக்கு மேலே புருசனின் பழைய முழுக்கைச் சட்டையைப் போட்டு, கழுத்துப் பொத்தான் வரை மாட்டிக்கொண்டு, ஃபேன் காற்று படாத மூலையாகப் பார்த்து ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்திருப்பாள் மாரீஸ்வரி. கடைக்கு வருகிற பையன்களுக்கு அது ஒரு வேடிக்கை. "யக்கா, ஊட்டியில இருந்து எப்ப வந்தீக?" என்று கேட்டுவிட்டுத்தான் வந்த வேலையைச் சொல்வார்கள். அவளும் சிரிப்பாள். சிரிப்பதற்கும் தெம்பு வேண்டுமே, அதனால் பாதிச் சிரிப்பு.

அவள் வேலை கேமரா மாட்டுவது. உள்ளங்கைக்குள் அடங்குகிற சின்னக் கேமராக்கள். மலையடிவாரத்து மண் பாதையில் பைக் ஓட்டுகிறவர்களுக்கு ஹெல்மெட்டில், விடியலில் சைக்கிள் மிதிக்கிறவர்களுக்கு ஹேண்டில்பாரில், மலையேறப் போகிறவர்களுக்கு நெஞ்சுப் பட்டையில். ஒரு முறை ஒருவர் வேட்டை நாயைக் கூட்டி வந்து அதன் முதுகில் மாட்டச் சொன்னார். மாட்டினாள். அந்த நாய் படம் எடுத்ததோ இல்லையோ, திரும்பி வரும்போது கேமரா அசையாமல் இருந்தது. மாரீஸ்வரி மாட்டினால் அப்படித்தான் என்று ஊருக்குள் ஒரு பேர் இருந்தது.

அதற்கு முன் சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி சுருட்டிக்கொண்டிருந்தவள் அவள். எதை எவ்வளவு இழுக்க வேண்டும், எதை எவ்வளவு அழுத்த வேண்டும் என்பது விரலுக்கே தெரியும். இரு பக்கமும் ஒட்டுகிற டேப்பைத் தூசியின் மேல் ஒட்டினால் நிற்காது, ஸ்பிரிட் போட்டுத் துடைத்து, காய விட்டு, அழுத்திப் பிடித்து, ஒரு ராத்திரி சும்மா வைத்துவிட்டுத்தான் கேமராவைக் கோக்க வேண்டும். இது டேப் டப்பாவிலேயே போட்டிருக்கிறது. டப்பாவில் போடாதது ஒன்று உண்டு. நம்ம ஊரில் புது ஹெல்மெட் முதலில் ரோட்டுக்குப் போகாது, கோயிலுக்குப் போகும். சந்தனமும் குங்குமமும் சரியாக நெற்றியில் விழும். கேமரா உட்காருகிற இடமும் அதே நெற்றிதான். சந்தனம் காய்ந்து உதிர்ந்து, கையால் தட்டிவிட்டபின் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. டேப்புக்குத் தெரியும். ஆகையால் ஹெல்மெட்டைக் கையில் வாங்கியதும் அவள் கேட்கிற முதல் கேள்வி, "பொட்டு வச்சீகளா?" என்பதுதான். ஆமாம் என்றால் இரண்டு தடவை துடைப்பாள். பிறகு விழுந்தாலும் தொங்கட்டும் என்று ஒரு சிவப்புக் கயிற்றையும் கட்டுவாள்.

கடைசியாகக் கேமராவை ஓடவிட்டு, சாய்மானம் சரியா என்று பார்க்க அதற்குள் முகத்தைக் கொண்டுபோய் வைத்து, "தெரியுதா அண்ணாச்சி?" என்பாள். கல்லாவில் உட்கார்ந்து அந்தப் படத்தைச் செல்போனில் பார்த்துக்கொண்டிருக்கும் லிங்கேஸ்வரன், "தெரியுதும்மா" என்பார். பையன்கள் அதை நிறுத்தாமல் அப்படியே வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விடுவார்கள். அதனால் இந்தப் பக்கத்தில் எடுத்த எந்த மலைப் பயணப் படமும் மாரீஸ்வரியின் மூஞ்சியில்தான் ஆரம்பிக்கும். கிட்டத்தில் வைத்தால் அந்த லென்சுக்கு யார் மூஞ்சியும் கத்தரிக்காய்தான், மூக்கு முன்னால் வீங்கி, காது காணாமல் போய்விடும். ஸ்ரீவில்லிபுத்தூரில் இருந்துகொண்டு இவர்களுக்குப் படத்தை வெட்டி ஒட்டித் தருகிற ஷீனா, முதல் வேலையாக அந்த மூஞ்சியை வெட்டித் தூரப் போட்டுவிட்டுத்தான் மலைக்குப் போவாள்.

இரண்டு வருடமாகவே மாரீஸ்வரிக்கு முடியவில்லை. என்ன முடியவில்லை என்று கேட்டால் சொல்லத் தெரியாது. காய்ச்சல் இல்லை, வலி என்று ஓரிடமும் இல்லை. காலையில் எழும்போதே வேலை முடித்து வந்த மாதிரி இருக்கும். குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்துவிட்டு, எதற்குத் தூக்கினோம் என்று செத்த நேரம் நிற்பாள். பஸ்ஸில் உட்கார்ந்தால் தூக்கம், கடையில் உட்கார்ந்தால் தூக்கம். சாப்பாடு இறங்கவில்லை, உடம்பு மட்டும் ஊதிக்கொண்டே போனது. "ஒக்காந்து ஒக்காந்து சதை போட்டுட்டா" என்றார்கள் தெருவில். பொம்பளைக்கு நாற்பதை நெருங்கினால் இப்படித்தான் என்று ஒருத்தி ஆறுதல் சொன்னாள். ஆறுதலாம்! ஒரு பொம்பளை களைத்துப் போனால் அதில் ஆச்சரியப்பட என்ன இருக்கிறது என்று எல்லாருமே நினைத்துவிடுகிறார்கள். அவளும் அப்படித்தான் நினைத்தாள்.

வீட்டில் ஃபேன் சண்டை. புருசன் சுந்தரபாண்டியன் மில்லில் ஸ்பின்னிங் பக்கம் வேலை. பஞ்சும் வேர்வையுமாக வந்து ஃபேனை முழு வேகத்தில் போடுவான். அவள் குறைப்பாள். அவன் கூட்டுவான். "ஏட்டி, நாள் பூரா ஃபேனுக்குக் கீழ ஒக்காந்துட்டு வாரவளுக்குக் குளிருது, அனல்ல வேகுறவன் வீட்லயும் வேகணுமா? சோம்பேறிக்கு எல்லாம் குளிரத்தான் செய்யும்." கெட்டவன் இல்லை அவன். ஆனால் அந்தச் சோம்பேறி என்ற சொல் அவளுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. நாளாக நாளாக அது உண்மைதான் போல என்று அவளே நம்ப ஆரம்பித்துவிட்டாள். அதுதான் எல்லாவற்றிலும் கொடுமை.

அப்படியிருக்கும்போதுதான் பிரேம்குமார் கேமரா விழுந்தது.

புது பைக், புது ஹெல்மெட். வீட்டோடு போய், ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்தில் இருக்கிற திருவண்ணாமலைப் பெருமாளைச் சேவித்துவிட்டு, அங்கிருந்து நேராகக் கடைக்கு வந்தான். மாரீஸ்வரி டேப் ஒட்டி ராத்திரி வைத்து, மறுநாள் கேமராவைக் கோத்துக் கொடுத்தாள். ஓடைப் பாறையில் வண்டி குதித்தபோது கேமரா கழன்று போய்விட்டது. கயிறும் இல்லை. தேடித் தேடிப் பார்த்துவிட்டு வெறுங்கையோடு வந்து கடையில் நின்றான்.

லிங்கேஸ்வரன் அதிர்ந்து பேசுகிறவர் இல்லை. அன்றைக்குப் பேசினார். "ஒட்டுன எடத்தத் துடைச்சியாம்மா?"

"நெனவில்லையே அண்ணாச்சி" என்றாள் மாரீஸ்வரி. பொய் சொல்லவில்லை, மறைக்கவும் இல்லை. உண்மையிலேயே அவளுக்கு நினைவில்லை. துடைத்தாளா, பொட்டைப் பற்றிக் கேட்டாளா, கயிற்றை எடுத்தாளா, ஒன்றுமே இல்லை. வெள்ளைத் துணி மாதிரி இருந்தது மண்டைக்குள். கேமரா போனதைவிட அதுதான் அவளைப் பயமுறுத்தியது.

"கொஞ்ச நாளாவே பாக்கேன். தூங்கி விழுதே. கூப்பிட்டா ரெண்டாவது வாட்டிதான் திரும்புதே. இது ஒருத்தன் தலையில மாட்டுற சாமான். பின்னால வாறவன் மூஞ்சியில அடிச்சிருந்தா?" லிங்கேஸ்வரன் செல்போனைக் கவிழ்த்து வைத்தார். "வேற ஆளு பாக்கணும்போல இருக்கும்மா. ஒனக்கும் முடியல, எனக்கும் முடியல."

சொந்தமாக அவளுக்கு என்று இருந்தது அந்த ஒரு பேர்தான். மாரீஸ்வரி மாட்டினால் அசையாது. அதுவும் ஓடைக்குள் விழுந்துவிட்டது என்று வீட்டுக்கு நடக்கும்போது நினைத்தாள். அழுகைகூட வரவில்லை. அழவும் தெம்பு வேண்டும்.

கேமரா கிடைத்துவிட்டது. மாந்தோப்புக் காவல்காரர் ஓடை மணலில் கண்டெடுத்து, விசாரித்துக் கொண்டுவந்து கொடுத்தார். கண்ணாடியில் கீறல், உள்ளே படம் பத்திரம். பிரேம்குமார்தான் சொன்னான். "அண்ணாச்சி, இதுலதான் எல்லாம் மொதல்ல இருந்தே ஓடியிருக்குமே. அக்கா வழக்கமா கோத்துப் பாத்துட்டு மனசுக்குப் பிடிக்கலேன்னா பிரிச்சுத் திரும்ப ஒட்டுவாக. அன்னைக்கும் கேமரா ஓடிக்கிட்டிருக்கையிலேயே ஒருக்கப் பிரிச்சு ஒட்டுனாக. ஷீனாட்ட போட்டுப் பாத்தா தெரிஞ்சிரும்."

லிங்கேஸ்வரன் மாரீஸ்வரியைப் பார்த்தார். "போவோம். நீ துடைச்சிருந்தா டேப்புல கோளாறு, ஒம்மேல தப்பில்ல. இல்லேன்னா நீயே சொல்லும்மா, நான் என்ன செய்ய?"

இரண்டு பேரும் பஸ் ஏறி ஸ்ரீவில்லிபுத்தூர் போனார்கள். மடவார் வளாகத்துக்குப் பக்கத்துத் தெருவில் ஷீனாவின் வீடு. முன்னறையில் கம்ப்யூட்டர், சுவரில் சிலுவை, பின்கட்டில் அவள் அம்மா ஏசம்மாள் டீ போடுகிற சத்தம். வழியெல்லாம் மாரீஸ்வரி வேண்டிக்கொண்டு வந்தாள். துடைத்திருக்க வேண்டும், தாயே, நான் துடைத்திருக்க வேண்டும்.

ஷீனா படத்தைப் போட்டாள்.

பிரித்து வைத்த கேமரா மேசைமேல் கிடந்தபடி பார்த்துக்கொண்டிருந்தது. மாரீஸ்வரியின் கை ஹெல்மெட்டை எடுத்தது. நெற்றியில் மஞ்சளாக ஒரு தடம். கட்டைவிரலால் இரண்டு தேய். ஸ்பிரிட் பாட்டில் பக்கத்திலேயே இருந்தது. கை அதன் பக்கம் போனது. போய், பாதியில் நின்றது. எதற்கு வந்தோம் என்று தெரியாத மாதிரி சும்மா நின்றது. பிறகு திரும்பி வந்து டேப்பை எடுத்து ஒட்டியது. அப்புறம் திரை முழுக்க அவள் முகம். "தெரியுதா அண்ணாச்சி?"

லிங்கேஸ்வரன் உச்சுக் கொட்டினார்.

"என் தப்புதான்" என்றாள் மாரீஸ்வரி. "கேக்கல. துடைக்கல. திரும்ப ஒட்டுனத ராத்திரி வைக்கவும் இல்ல. கயிறும் கட்டல. வேற ஆளப் பாத்துக்கோங்க அண்ணாச்சி." எழுந்திருக்கப் பார்த்தாள். எழுந்திருக்க முடியாமல் நாற்காலியைப் பிடித்தாள்.

டீத் தட்டோடு வாசலில் நின்ற ஏசம்மாள் நகரவே இல்லை. "ஏட்டி ஷீனா, அதத் திரும்பப் போடு."

"எதும்மா?"

"அந்த மூஞ்சிய."

ஷீனா போட்டாள். "தெரியுதா அண்ணாச்சி?"

"இவிய பழைய படம் வச்சிருக்கியா? ஆரம்பத்துல எடுத்தது?"

ஷீனாவிடம் ஒரு நல்ல பழக்கம், வெட்டிப் போடுவாளே தவிர அழிக்க மாட்டாள். பழையது ஒன்றை எடுத்தாள். ஒட்டிய கன்னமும் துடியான கண்ணுமாக ஒரு பெண் திரைக்குள் வந்து, கணீரென்று கேட்டாள். "தெரியுதா அண்ணாச்சி?" லிங்கேஸ்வரன் தன்னையறியாமல் நிமிர்ந்தார். அதற்குப் பிறகு ஒன்று. அதற்குப் பிறகு இன்னொன்று. கன்னம் நிரம்பியது, கண்ணுக்குக் கீழே தண்ணீர் கோத்தது, புருவத்தின் ஓரங்கள் தேய்ந்து போயின. கடைசியில் பிரேம்குமார் ஹெல்மெட் நாளில் பார்த்த அந்த முகம்.

"லென்சு அப்படித்தாம்மா காட்டும். எல்லாருக்கும் வீங்கும்" என்றாள் ஷீனா. "அதான் நான் கவனிக்கல."

"லென்சு மூக்க வீங்க வைக்கும். கொரலையுமா வீங்க வைக்கும்? காதக் குடுத்துக் கேளு."

மறுபடி முதலாவதைப் போட்டாள். கணீர். கடைசியைப் போட்டாள். தகரத்தை இழுத்த மாதிரி கரகரவென்று, ஒவ்வொரு எழுத்தாக, ஒரு களைத்த குரல். ஒரே கேள்வி, ஒரே ஆள். பக்கத்திலேயே உட்கார்ந்து தினமும் பதில் சொல்லிக்கொண்டிருந்த லிங்கேஸ்வரனுக்கு அது இரண்டு குரல் என்று இன்றைக்குத்தான் தெரிந்தது. அவர் டீயை எடுக்கவில்லை.

ஏசம்மாள் மாரீஸ்வரியின் பக்கத்தில் உட்கார்ந்து கையைத் தொட்டாள். ஐஸ் மாதிரி இருந்தது. "குளிருதாம்மா?"

"ஆமா."

"தலைமுடி கொட்டுதா? வயிறு கட்டுதா? எம்புட்டுத் தூங்குனாலும் தீர மாட்டேங்குதா?"

மாரீஸ்வரி தலையை ஆட்டிக்கொண்டே இருந்தாள். யாரும் இதையெல்லாம் ஒன்றாகச் சேர்த்துக் கேட்டதில்லை.

"எனக்கும் இப்படித்தான் கெடந்தது. தைராய்டு. மாத்திர போட்டு இப்ப ஓடித் திரியுதேன். நாளைக்கே போயி ரத்தம் குடும்மா. தள்ளிப் போடாத."

பஸ் ஸ்டாண்டில் பஸ் வந்ததும் லிங்கேஸ்வரன் சொன்னார். "ஒடம்பப் பாத்துட்டு வாம்மா. தப்பு தப்புதான், பிரேமுக்குக் கண்ணாடி நான் மாத்திக் குடுத்துக்கிடுதேன். நீ வாற வரைக்கும் பொட்டு வச்சீகளான்னு நானே கேட்டுக்கிடுதேன்."

ரத்தப் பரிசோதனைத் தாளைப் பார்த்த பெரியாஸ்பத்திரி டாக்டர் அவளையும் தாளையும் மாறி மாறிப் பார்த்தார். தைராய்டு ரொம்ப ரொம்பக் குறைவு, காலையில் வெறும் வயிற்றில் மாத்திரை, சரியாக மாதங்கள் ஆகும், நிறுத்தக் கூடாது என்றார். "இத வச்சுக்கிட்டு எப்படிம்மா நடமாடுனீங்க? வேற ஆளா இருந்தா படுத்திருப்பாங்க."

மாரீஸ்வரி முந்தானையைச் சுருட்டிக்கொண்டு கேட்டாள். "அப்ப நான் சோம்பேறி இல்லையா டாக்டர்?"

அவருக்கு முதலில் புரியவில்லை. "யாரும்மா சொன்னா?" என்றார். அதற்குள் அவளுக்கு, இத்தனை நாள் வராத அழுகை, வந்துவிட்டது.

சுந்தரபாண்டியன் ஷிப்ட் முடிந்து மதியம் வந்தான். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. கையைக் கழுவிவிட்டு, வழக்கம்போல் ஃபேனை முழுசாகத் திருப்பிவிட்டு, தட்டின் முன் உட்கார்ந்தான். மாரீஸ்வரி ஆஸ்பத்திரிச் சீட்டையும் மாத்திரை அட்டையையும் அவன் பக்கத்தில் வைத்தாள். டாக்டர் சொன்னதைச் சொன்னாள். ஸ்ரீவில்லிபுத்தூரில் தன் மூஞ்சியை வரிசையாகப் பார்த்ததைச் சொன்னாள். சொல்லி முடிக்க நேரமானது. அவளுக்கு இப்போதும் களைப்புத்தான், மாத்திரை இனிமேல்தான்.

அவன் சோற்றைப் பிசைந்தபடியே இருந்தான். அட்டையைப் புரட்டிப் பார்த்தான், எழுத்து ஒன்றும் பிடிபடவில்லை.

"அப்ப இம்புட்டு நாளும் ஒனக்கு நெசமாவே குளிருச்சா?"

"குளிருச்சு."

எழுந்தான். எச்சில் கையை உயர்த்திப் பிடித்துக்கொண்டு, இடது கையால் ஃபேனை நிறுத்தினான். அது சுற்றி முடித்து நிற்கும்வரை நின்று பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்தான். நெற்றியில் வேர்வை முத்து முத்தாக அரும்பிச் சோற்றுத் தட்டில் சொட்டியது.

"ஃபேனப் போட்டுக்கோங்க, நான் உள்ளே போய் இருக்கேன்" என்றாள்.

"வேண்டாம். நீ இங்கனயே இரு" என்று சொல்லிவிட்டு, குனிந்து சாப்பிட்டான்.