மூன்று வார ஸ்பானிஷ்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் நடுவில், ஓர் ஐப்பசி மாதம் இது நடந்தது. கோயம்புத்தூரில் விவசாயக் கல்லூரி ஒன்றில் நான் கரும்பு ஆராய்ச்சி மாணவனாக இருந்தேன். தாராபுரம் பக்கம் கம்பும் சோளமும் விதைக்கிற குடும்பம் எங்களுடையது. கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான்தான்.

ஆராய்ச்சி மாணவர்கள் அந்நிய மொழி ஒன்று படிக்க வேண்டும் என்றார்கள். எல்லோரும் ஜெர்மன் எடுத்தார்கள். கரும்பு விளைகிற நாடுகள் பலவற்றில் ஸ்பானிஷ்தான் பேச்சு என்று கேள்விப்பட்டு நான் அதை எடுத்தேன். பிலிப்பைன்ஸ் தீவுகளில் சர்க்கரை ஆலை வேலை பார்த்துத் திரும்பிய விரிவுரையாளர் ஒருவர் காலை ஏழு மணிக்குச் சொல்லிக்கொடுப்பார். வகுப்பில் நான் ஒருவன் மட்டும். மூன்று வாரத்திலேயே எனக்குத் தலைக்கனம் ஏறிவிட்டது. விடுதியில் சோறு போடுகிறவருக்குக்கூட 'கிராசியாஸ்' என்றுதான் நன்றி சொல்வேன்.

நாலாவது வாரம் விரிவுரையாளர் காய்ச்சலில் படுத்துவிட்டார். அன்றைக்கென்று பார்த்து, தென்னமெரிக்காவிலிருந்து ஒரு பெரியவர் எங்கள் கரும்புப் பண்ணையைப் பார்க்க வந்து சேர்ந்தார். நாலைந்து ஆங்கிலச் சொல்லுக்கு மேல் அவருக்குத் தெரியாது. மாலை ரயிலில் திரும்பியாக வேண்டும்.

"மூணு வாரமாப் படிக்கறீங்கல்ல, வந்து பேசிப்போடுங்க" என்று பண்ணை மேலாளர் என்னைக் கூட்டிக்கொண்டு போனார்.

நெஞ்சை நிமிர்த்தி, "வாருங்கள், எங்கள் கரும்பைக் காட்டுகிறேன்" என்று ஸ்பானிஷில் சொன்னேன். பெரியவர் திகைத்து என்னைப் பார்த்தார். பிறகு மெதுவாகத் தொப்பியைக் கழற்றினார். தலை முழுக்க நரை. அதைத் தொட்டுக் காட்டி, "இதையா?" என்பதுபோல் புருவத்தை உயர்த்தினார். என் நோட்டை வாங்கி ஒரே சொல்லை இரண்டு முறை எழுதினார். ஒன்றில் மட்டும் நடு எழுத்தின் தலையில் ஒரு சின்ன நெளிவு. நெளிவு இருந்தால் 'காஞா' என்று உரக்கச் சொல்லி வயலைக் காட்டினார்: கரும்பு. இல்லாவிட்டால் 'கானா', நரைமுடி. அந்த நெளிவை நான் வெறும் அலங்காரம் என்று நினைத்திருந்தேன்! காது மடல் சுட்டது.

பக்கத்தில் நாற்றுச் சட்டிகளுக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்த ஓர் அம்மாள் நிமிர்ந்தார். புது ரகம் உண்டாக்கக் கரும்புப் பூவிலிருந்து எடுக்கிற விதை தூசி மாதிரி இருக்கும். அதை முளைக்கவைத்துக் காப்பாற்ற எங்கள் பண்ணையில் அவரைவிட்டால் ஆள் இல்லை.

"காஞாங்களா? கரும்பைத்தானுங்க சொல்றாரு?" என்றார். நான் மூன்று வாரம் படித்தும் வராத சொல், எழுத்தறியாத அவர் வாயில் அச்சு அசலாக வந்தது.

பெரியவர் முகம் மலர்ந்தது. மண்ணில் குந்தி உட்கார்ந்து, ஒரு குச்சியால் கோடு கிழித்துக் கிழித்துப் பேசினார். முக்கால்வாசி எனக்குப் புரியவில்லை. நோயில் அவருடைய கரும்பு எல்லாம் செத்தது, வயலை விட்டுப் போக இருந்தார், அப்போது கப்பலில் புதுக் கரும்பு வந்தது என்பது மட்டும் விளங்கியது. அவர் ஊரில் அந்தக் கரும்புக்கு என்ன பெயர் தெரியுமா? 'கொயம்பத்தோர்'. பூமியின் அடுத்த பக்கத்தில் விவசாயிகள் எங்கள் ஊர்ப் பெயரை நட்டு, வெட்டி, வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். எனக்கு மேலெல்லாம் புல்லரித்தது.

வளர்த்தது யார் என்று கேட்டார். அந்த அம்மாளைக் காட்டினேன். எழுந்து, தொப்பியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அவருக்குத் தலை வணங்கினார்.

அம்மாள் பதறிப்போனார். "ஏனுங்க தம்பி, எதுக்குங்க இவரு எனக்குக் கும்புடு போடறாரு?"

"நீங்க வளத்த கரும்பு கடலுக்கு அந்தப் பக்கம் அவரு காட்டுல நிக்குதுங்களாமா" என்றேன்.

அவர் கை ஈரத்தைச் சேலையில் துடைத்துக்கொண்டார். அப்புறம், "அங்க இந்த வருசம் மழை பேஞ்சுதுங்களான்னு கேளுங்க தம்பி" என்றார்.

மழைக்கு ஸ்பானிஷில் என்ன சொல்? எனக்குத் தெரியவில்லை. அவர் மண்ணில் கிழித்த கோடுகளைச் சுட்டி, கையை உயர்த்தி விரல்களை மேலிருந்து கீழே ஆட்டிக் காட்டினேன். பெரியவர் கண் கலங்கிவிட்டது. வானத்தைப் பார்த்து, உதட்டைப் பிதுக்கி, இல்லை என்று தலையசைத்தார். அம்மாள் 'உச்' கொட்டினார்.

பிற்பாடு ஸ்பானிஷில் கட்டுரைகள் படித்தேன், கடிதங்களும் எழுதினேன். ஆனாலும் ஒரு மொழியைப் படிப்பது எதற்காக என்று யாராவது கேட்டால், கடலுக்கு அப்பால் இருக்கிற ஒருவரிடம் உங்கள் ஊரில் மழை பெய்ததா என்று விசாரிப்பதற்காக என்றுதான் இன்றும் எனக்குச் சொல்லத் தோன்றுகிறது.