இத்தா முடிந்து முதல் பயணம்: வைஃபை வராத லேப்டாப்போடு விருத்தாசலம் வரை

போன புதன்கிழமை விருத்தாசலம் போய் வந்தேன். ஊர் பார்க்கவோ சாமான் வாங்கவோ இல்லை. வைஃபை வராத ஒரு லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு போனேன். முன்பு இந்தப் பக்கத்தில் நாகூரும் ஏர்வாடியும் போய் வந்ததை எழுதியிருக்கிறேன். அப்போதெல்லாம் என் வீட்டுக்காரர் லீவில் வந்திருப்பார். பஸ் நேரம், கட்டணம், எத்தனை கிலோமீட்டர் என்று அவர் சொல்லச் சொல்ல நான் எழுதுவேன். இந்த முறை நானே குறித்துக்கொண்டேன். எட்டாவது வரைக்கும்தான் படித்தவள். தப்பு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அவர் வளைகுடாவில் வேலை பார்த்தார். அங்கேயே மவுத்தாகி, அங்கேயே அடக்கம் செய்துவிட்டார்கள். நாங்கள் யாரும் முகம் பார்க்கவில்லை. எங்கள் வழக்கப்படி புருஷன் இறந்தால் மனைவி நான்கு மாதம் பத்து நாள் வீட்டிலேயே இருக்க வேண்டும், அந்நிய ஆண்கள் பார்வையில் படக்கூடாது. இதைத்தான் இத்தா என்போம். நான் இத்தாவில் உட்கார்ந்த இரண்டாவது வாரம் அவரோடு ஒரே அறையில் தங்கியிருந்த ஒருவர் ஊருக்கு வந்தபோது பெட்டியையும் லேப்டாப்பையும் வாசலில் கொடுத்துவிட்டுப் போனார். செல்போன் கிடைக்கவில்லை.

என் மகள் லேப்டாப்பைத் திறந்து, என் போனிலிருந்து நெட் கொடுத்தாள். ஒரு பக்கம் தானாகத் திறந்தது. "அம்மா, அத்தா போன்ல எடுத்த ஃபோட்டோ, பேசி வச்சது எல்லாம் நெட்டுல ஏறி இருக்குதும்மா!" என்று கத்தினாள். சின்னச் சின்னக் கட்டமாக அவர் முகம். கடைசிப் படத்தில் ஆஸ்பத்திரிக் கட்டில் இருந்தால்? அவர் பயந்து போன முகம் இருந்தால்? "மூடு, இத்தா முடியட்டும்" என்று மூடவைத்துவிட்டேன்.

அதுதான் நான் செய்த தப்பு. நான்கு மாதம் கழித்துத் திறந்தால் நெட் சேரவே இல்லை. மகள் காலேஜ் ஹாஸ்டலிலிருந்து வந்து இரண்டு நாள் பார்த்தாள். அணைத்துப் போட்டாள், ஏரோப்ளேன் பட்டனைத் தட்டினாள், போன் ஹாட்ஸ்பாட்டை மாற்றி மாற்றி வைத்தாள். வைஃபை பட்டியல் வெறுமையாகவே இருந்தது. அந்தப் படங்கள் லேப்டாப்புக்குள் இல்லை, நெட்டில்தான் இருக்கின்றன, அதன் பாஸ்வேர்டு அவருக்கு மட்டும்தான் தெரியும், அதை ஞாபகம் வைத்திருப்பது இந்த லேப்டாப் ஒன்றுதான் என்று அவள் விளக்கிச் சொன்னாள். சொல்லிவிட்டு, "யார்கிட்ட குடுத்தாலும் உள்ள எதையும் அழிக்க விடாதம்மா" என்று எச்சரித்துவிட்டு ஹாஸ்டலுக்குப் போனாள். அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை.

புதன்கிழமை காலை 7.10க்கு எங்கள் ஊர் மங்களூரில் (கர்நாடகா மங்களூர் இல்லை, எங்கள் கடலூர் மாவட்டத்து மங்களூர்) பஸ் ஏறினோம். துணைக்கு என் நாத்தனார் மும்தாஜ், என் வீட்டுக்காரருக்கு ஒரே தங்கச்சி, இத்தா முழுக்க என்னோடு இருந்தவள். வேப்பூர் வரை ஏறக்குறைய இருபது கிலோமீட்டர். டவுன் பஸ் என்பதால் பெண்களுக்கு டிக்கெட் கிடையாது. நான்கு மாதம் நான்கு சுவரைப் பார்த்த கண்ணுக்கு ரோடு கூசியது. ஏறுகிற எல்லாரும் என்னையே பார்ப்பதுபோல் இருந்தது. பிரேக் போடும்போதெல்லாம் பையை வயிற்றோடு அழுத்திக்கொண்டேன்.

வேப்பூரில் 8.05க்கு இறங்கி, டீ குடித்துவிட்டு (இரண்டு டீ 30 ரூபாய்) 8.25க்கு விருத்தாசலம் பஸ் பிடித்தோம். இருபத்திரண்டு கிலோமீட்டர், ஆளுக்கு 20 ரூபாய். கண்டக்டர் என்னைப் பார்த்து நின்றார்.

"என்னாம்மா, கொழந்தய மாதிரி கட்டிப் புடிச்சிக்கினு இருக்கீங்க? பைய மேல வைங்க, நிக்கறவங்களுக்கு எடம் வேணும்."

"கொழந்தன்னே வச்சிக்கங்க. கொழந்தய மேல வப்பீங்களா?" என்றாள் மும்தாஜ்.

"அப்ப அதுக்கும் அர டிக்கெட் போடட்டுமா?"

பக்கத்து சீட்டுக்காரர்கள் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது. வந்ததும் பயமாகிவிட்டது, சிரித்துவிட்டோமே என்று.

9.15க்கு விருத்தாசலம் பஸ் ஸ்டாண்ட். பக்கத்திலேயே மாடியில் ஒரு கம்ப்யூட்டர் கடை. கடைக்காரர் லேப்டாப்பைத் திறந்தார். என் வீட்டுக்காரர் பெயர் திரையில் வந்தது, ஜாகிர் என்று. கடைக்காரர் இரண்டு தட்டுத் தட்டிப் பார்த்தார்.

"டிரைவர் போயிருக்குதும்மா. ஃபார்மட் அடிச்சாதான் வைஃபை வரும். வச்சிட்டுப் போங்க, சாய்ந்தரம் வாங்க. எழுநூறு ரூபா."

"ஃபார்மட்னா என்னாங்க?"

"உள்ள இருக்கறது எல்லாத்தையும் தொடச்சிட்டுப் புதுசா ஏத்துறது. புது மிஷின் மாதிரி ஆயிடும்."

"தொடச்சா அப்பறம் அவரு பேரு வருமா?"

"அது எப்படிம்மா வரும்? உங்க பேரே போட்டுத் தரேன்."

சொல்லிக்கொண்டே அவர் எதையோ அழுத்தப் போனார். நான் யோசிக்கவில்லை. அவர் விரல் மேலேயே மூடியைச் சாத்திவிட்டேன். "ஆ!" என்றார். லேப்டாப்பைப் பிடுங்கிப் பையில்கூடப் போடாமல் படியில் இறங்கினேன். பின்னால் மும்தாஜ், "மன்னிச்சிக்குங்க தம்பி, வெரலு நல்லா இருக்குதா?" என்று கேட்டுக்கொண்டே வந்தாள். கீழே வந்த பிறகுதான் யோசித்தேன். மூடியதில் ஏதாவது அழிந்திருக்குமோ? அவர் ஏற்கெனவே அழுத்திவிட்டிருப்பாரோ? திறந்து பார்க்கவும் பயம். பஸ் ஸ்டாண்ட் வாசலில் ஒரு ஓரமாக உட்கார்ந்துவிட்டேன்.

ஒரு ஆட்டோக்காரர் வந்து விசாரித்தார். மும்தாஜ் நடந்ததைச் சொன்னாள். "ஐயே, அங்க ஏன் போனீங்க? செல்வம் அண்ணன்கிட்ட போவலாம் வாங்க. செராமிக் கம்பெனிங்க கம்ப்யூட்டர் பூராம் அவரு கையிலதான் இருக்குது. எம்பது ரூபா குடுங்க." ஏறிவிட்டோம். பாலக்கரை தாண்டி, ரயில்வே கேட்டில் எட்டு நிமிடம் நின்று, 10.20க்குப் போய்ச் சேர்ந்தோம்.

அந்தப் பக்கம் போகிறவர்கள் கருப்பு உடை உடுத்தாதீர்கள். ரோடே வெள்ளைத் தூசி. பலகை பலகையாகப் பீங்கான் ஃப்யூஸ் கட்டைகளும் டீ கப்புகளும் வெயிலில் காய்ந்தன. என் புர்கா முழங்கால் வரை மாவு கொட்டியது மாதிரி ஆகிவிட்டது.

செல்வம் என்பவருக்கு ஐம்பது வயது இருக்கும். மூக்கில் துணி கட்டிக்கொண்டு ஒரு கம்ப்யூட்டருக்குள்ளிருந்து மண்ணை ஊதி எடுத்துக்கொண்டிருந்தார். நான் முதலிலேயே சொல்லிவிட்டேன்: "அண்ணே, சரியாவலன்னாலும் பரவால்ல. உள்ள எதையும் அழிக்கக் கூடாது. என் வூட்டுக்காரரு இல்ல. அவரு மொகம் இதுலதான் இருக்குது."

அவர் மூக்குத் துணியைக் கழற்றினார். "அழிக்க மாட்டேன். வைஃபை வரலன்னா செல்போன ஒயர்ல சொருவி நெட்டு குடுக்கலாம். அதுக்கு வழி இருக்குது. மொதல்ல உக்காருங்க, தண்ணி குடிங்க."

திறக்கக்கூட இல்லை. லேப்டாப்பைத் திருப்பி, முன் ஓரத்தை விரலால் தடவினார். விரலை முகர்ந்து பார்த்தார்.

"டேப் ஒட்டினீங்களா?"

மும்தாஜ் முகம் செத்துப்போனது.

"எந்தக் கம்பெனில வேல செய்யறீங்க? எங்க ஊர்லதான் மண்ணு பூந்துடும்னு சந்து சந்தா டேப் ஒட்டுவாங்க."

"கம்பெனில்லாம் இல்லீங்க. அண்ணி இத்தால இருந்தாங்க. இதத் தொறந்தா அண்ணன் ரூமுல இருந்த ஆம்பளைங்க யாராவது வீடியோல வந்து அண்ணியப் பாத்துருவாங்களோன்னு, நான்தான் பார்சல் டேப் எடுத்துச் சுத்திட்டேன். எது கண்ணுன்னு தெரியல."

"கண்ணு மேல நெத்தியில இருக்குதும்மா. நீங்க இடுப்புல கட்டு போட்டிருக்கீங்க."

எனக்கு இது அன்றுதான் தெரியும்; மூடவைத்த பிறகு இத்தா முடியும்வரை அதை நான் கையிலேயே எடுக்கவில்லை. நடுவில் லீவில் வந்த மகள் டேப்பைப் பார்த்து, பத்திரமாக இருக்கட்டும் என்று சுற்றியது போல என்றுதான் நினைத்தாளாம். இத்தா முடிந்த அன்று மும்தாஜ் அதைச் சர்ரென்று உரித்திருக்கிறாள். அந்த லேப்டாப் பழசு. அதன் முன் ஓரத்தில் அரிசி அகலத்துக்கு ஒரு சின்ன சுவிட்சு இருக்கிறது, வைஃபைக்கு என்றே தனியாக. டேப்பு உரியும்போது அதையும் இழுத்து, அணைந்த பக்கம் தள்ளி, பசையில் ஒட்டவைத்துவிட்டது. அந்த சுவிட்சு அணைந்திருந்தால் திரையில் எந்தப் பட்டனைத் தட்டினாலும் பலன் இல்லையாம்.

"என் அண்ணன நானே பூட்டி வச்சிட்டேனே" என்று மும்தாஜ் அழுதாள். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். எப்படித் திட்டுவது? மூடச் சொன்னது நான்தானே.

செல்வம் பஞ்சில் ஸ்பிரிட் தொட்டுப் பசையைத் துடைத்தார். பின்னூசியால் சுவிட்சை மெல்லத் தள்ளினார். ஆரஞ்சாக இருந்த சின்ன விளக்கு நீலமானது. பட்டியலில் அக்கம்பக்கத்துக் கம்பெனிகளின் வைஃபை பெயர்கள் ஒவ்வொன்றாக வந்து விழுந்தன. என் போனில் ஹாட்ஸ்பாட்டைப் போடச் சொன்னார். என் பெயரும் வந்தது. பாஸ்வேர்டை என்னையே அடிக்கச் சொல்லிவிட்டு, தான் முகத்தைத் திருப்பிக்கொண்டார். நல்ல மனுஷன்.

சேர்ந்துவிட்டது. இனி அந்தப் பக்கத்தைத் திறக்க வேண்டும். இத்தனை மாதம் ஆயிற்றே, பாஸ்வேர்டு கேட்டால் என்ன செய்வேன்? பிஸ்மில்லா சொல்லித் தொட்டேன். வெள்ளைத் திரை. நடுவில் ஒரு வட்டம் சுற்றியது, சுற்றியது. மும்தாஜின் நகம் என் கையில் பதிந்தது. ஒரு கட்டம் வந்தது. பிறகு இன்னொன்று. பிறகு திரை முழுக்க அவர்.

"நான் வெளிய நிக்கறேன், பாருங்கம்மா" என்று செல்வம் எழுந்து போய்விட்டார்.

மேலே முதலாவதாக இருப்பதுதான் அவர் கடைசியாக எடுத்தது. அதைத் தொடத்தான் நான்கு மாதமாகப் பயந்தேன். நான் கண்ணை மூடிக்கொண்டேன். மும்தாஜ்தான் தொட்டாள்.

"அண்ணி, கண்ணத் தொற. ஒண்ணும் இல்ல. என்னாமோ பொட்டி."

ஒரு வைஃபை பெட்டியின் அடிப்பக்கம். வெள்ளைச் சீட்டில் பொடி எழுத்தில் பாஸ்வேர்டு. அதைத் திருப்பிப் பிடித்திருக்கும் அவருடைய கட்டைவிரல். கதவில் நசுங்கிக் கறுத்த நகம், அப்படியே.

எனக்குப் புரிந்துவிட்டது. அந்த வாரம்தான் அவர் அறை மாறினார். பாஸ்வேர்டை எழுதிவைத்துக்கொள்ளச் சோம்பல், படம் எடுத்திருக்கிறார். அன்று சாயங்காலம் போன் போட்டு, "புது ரூமுல நெட்டு ஜோரா வருது, ஒன் கொரலு பக்கத்துல கேக்குது" என்றார். தண்ணீர்த் தொட்டி ஒழுகுவதைப் பற்றி முக்கால் மணி நேரம் பேசினோம். மறுநாள் விடியற்காலை நெஞ்சுவலி. ஆஸ்பத்திரியும் இல்லை, பயந்த முகமும் இல்லை. அவர் கடைசியாக எடுத்த படம், எனக்குப் போன் போடுவதற்காக எடுத்தது.

"அண்ணன் வெரலு" என்று மும்தாஜ் திரையைத் தொட்டாள். நான் துடைக்கவில்லை. வெள்ளைத் தூசியில் அவள் விரல் அடையாளம் இன்னும் இருக்கிறது.

எல்லாவற்றையும் பென்டிரைவில் இறக்க இரண்டு மணி நேரம் ஆனது. பென்டிரைவ் 450 ரூபாய். சுவிட்சுக்குக் காசு வேண்டாம் என்றார், நான் வற்புறுத்தி நூறு ரூபாய் கொடுத்தேன். 1.40க்கு பஸ், வேப்பூரில் மாறி, 4 மணிக்கு வீடு. திரும்பும்போது பையை மும்தாஜ் மடியில் வைத்துக்கொண்டாள்.

என்னைப் போல லேப்டாப்போடு கிளம்புகிறவர்களுக்கு: வைஃபை பட்டியல் வெறுமையாக இருந்தால் முதலில் ஓரங்களைத் தடவிப் பாருங்கள். பழைய லேப்டாப்பில் சுவிட்சு இருக்கும், புதுசில் மேல்வரிசைப் பட்டனில் கோபுரம் மாதிரி ஒரு படம் இருக்கும். ஃபார்மட் என்று யாராவது சொன்னால், போனை ஒயரில் சொருகி நெட் கொடுக்க முடியுமா என்று கேளுங்கள். நெட் வந்ததும் முதல் வேலையாக இன்னொரு இடத்தில் இறக்கிவையுங்கள். கேமராவை மூட வேண்டுமென்றால் திரைக்கு மேலே நடுவில் துளி காகிதம் போதும். பார்சல் டேப் வேண்டவே வேண்டாம். எங்கள் லேப்டாப்பில் சுவிட்சு ஆன் ஆகும் பக்கத்தில் மகளுடைய நகப்பூச்சால் ஒரு சிவப்புப் புள்ளி வைத்திருக்கிறோம்.

பயம் முழுசாகப் போய்விடவில்லை. அவர் பேசிவைத்ததை இன்னும் கேட்கவில்லை. ஒரு வெள்ளிக்கிழமைக்கு ஒன்று என்று வைத்திருக்கிறேன்.

வீட்டுக்கு வந்த அன்று ஒன்று செய்தேன். என் போன் ஹாட்ஸ்பாட்டின் பாஸ்வேர்டை மாற்றினேன். அந்த வைஃபை பெட்டிச் சீட்டில் இருந்த பன்னிரண்டு எழுத்தையும் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துப் பார்த்து அப்படியே போட்டேன். லேப்டாப்பில் ஒரு தடவை அடித்தால் போதும், பிறகு அது ஞாபகம் வைத்துக்கொள்ளும் என்று செல்வம் சொல்லியிருந்தார். அது வைத்துக்கொண்டது. நானும்தான்.