பால் காய்ச்சிய வீடு

கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்குப் பார்த்து நடந்துகொண்டிருந்தேன். கடப்பாக்கம் கடைத்தெரு முதுகுக்குப் பின்னால் போய்விட்டது. வெயில் சாய ஆரம்பித்தும் தார் இன்னும் சுட்டது. காலையில் இதே சாலையில் வந்தபோது கக்கத்தில் ஒரு புதுப் பாய் இருந்தது. இப்போது இல்லை. அது என் அக்காவின் புது வீட்டுக்குள் பூட்டிக் கிடந்தது. அக்கா வெளியே இருந்தாள்.

எங்கே போகிறேன் என்று தெரியாது. அது எனக்குப் புதிதும் இல்லை. எட்டாவதைப் பாதியில் விட்டதிலிருந்து இப்படித்தான். கருங்குழியில் பரோட்டாக் கடையில் மாவு பிசைந்திருக்கிறேன், மாமல்லபுரம் விடுதியில் படுக்கை விரிப்பு துவைத்திருக்கிறேன், கல்பாக்கத்தில் பெயிண்டர் ஒருவருக்குக் கைவேலை செய்திருக்கிறேன். ஒரு இடம் பிடிக்கவில்லை என்றால் பையைத் தூக்கிக்கொண்டு நடந்துவிடுவேன். பசியோடு நடந்திருக்கிறேன், காய்ச்சலோடும் நடந்திருக்கிறேன். யாரும் என் முகத்தைப் பார்த்துவிடக் கூடாது என்று நடந்தது அன்றைக்குத்தான்.

அக்காவைக் கட்டிக்கொடுத்தது கடப்பாக்கத்துக்குத் தெற்கே ஒரு குப்பத்தில். பேரலை வந்து போன பிறகு அரசாங்கம் அங்கே கட்டித் தந்த வீடுகள் சில வருஷங்களிலேயே பெயர ஆரம்பித்தன. உப்புக்காற்றில் கம்பி துருவேறி ஊதி, கூரையின் அடிப்பக்கம் பாளம் பாளமாக விழுந்தது. சனங்கள் சுவரோரம் ஒட்டிப் படுத்தார்கள். பிறகு அதிகாரிகள் வந்தார்கள். இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டித் தருகிறோம், ஆறு மாதம் பொறுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி எல்லோரையும் தகரக் கொட்டகைக்கு மாற்றினார்கள். அந்த ஆறு மாதத்தில் மூன்று கோடை போய்விட்டது.

மாமாவுக்கு முன்பே இளைப்பு உண்டு. தகரத்துக்குக் கீழே வந்த பிறகு அவரால் கடலுக்குப் போக முடியவில்லை. பகலெல்லாம் கரையேற்றிய படகின் நிழலில் உட்கார்ந்து மூச்சு வாங்குவார். இரவில் அக்கா பழைய புடவையை நனைத்துத் தகரத்தின்மேல் போடுவாள். அது காய்ந்ததும் எழுந்து மறுபடி நனைப்பாள். அவளுடைய ஆசை பெரிதாக ஒன்றும் இல்லை. இந்தக் கோடை முற்றுவதற்குள் அவரைக் கான்கிரீட்டுக்குக் கீழே படுக்கவைக்க வேண்டும்.

போன வாரம் போன் செய்தாள்.

"டேய், வெள்ளிக்கிழம வூடு தொறக்கிறாங்க. குப்பத்துக்கே நாந்தான் பால் காச்சணும்னு சொல்லிகீறாங்க. அம்மா வூட்டு பக்கம் நீ ஒருத்தந்தான் கீற. வெறுங்கைய வீசிகினு வந்து நிக்காத."

கூடப்பிறந்தவன் சீர் கொண்டுபோக வேண்டும். குத்துவிளக்கு, தாம்பாளம், வேட்டி, சேலை என்று வைப்பார்கள். என்னால் ஆனது ஒரு கோரைப்பாய். எங்கள் பக்கத்தில் புது வீட்டில் பால் பொங்கினால் அன்று ராத்திரி வீட்டுக்காரர்கள் அங்கேயே படுத்தாக வேண்டும். முதல் ராத்திரி வீட்டைத் தனியாக விடக்கூடாது. அப்படிப் பார்த்தால் பாயும் சீர்தான் என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

போய்ச் சேர்ந்தபோது பந்தல் போட்டு நாற்காலி அடுக்கியிருந்தது. சாலையைப் பார்த்த முதல் வரிசை வீடுகளுக்கு வெளிர்மஞ்சள் அடித்திருந்தார்கள். பின்னால் நடந்து பார்த்தேன். பின்வரிசைகளில் பூச்சே இல்லை. ஜன்னல் வரவேண்டிய ஓட்டைகளில் சிமெண்டுச் சாக்கு தொங்கியது. மஞ்சள் வரிசையிலும் ஒரே ஒரு வீட்டுக்குத்தான் கதவு இருந்தது. அதில் மாவிலைத் தோரணம் கட்டியிருந்தது.

அக்காவின் பக்கத்துக் கொட்டகைக்காரர் வேலியோரம் நின்றிருந்தார். மாமாவோடு ஒரே படகில் போனவர்.

"வா மச்சான். சுத்திப் பாத்துட்டியா? மொத்த குப்பத்துக்கும் ஒரு கதவு. ஆளுக்கு ஒரு நாளு தொறந்துக்கலாம்."

"தண்ணி வருதா?"

"கொயாய் கீது. தண்ணியும் வேணும்னா அடுத்த எலெக்‌ஷனுக்கு வா." பிறகு குரலைத் தாழ்த்தினார். "இன்னிக்கு வுடப் போறதில்ல. மைக்கு மட்டும் என் கைக்கு வரட்டும், நாறடிச்சிடறேன்."

வீடுகளைத் திறந்துவைக்கக் காலையிலேயே வருவதாகச் சொன்ன பெரிய மனிதர் ராகு காலம் பிறந்த பிறகுதான் வந்தார். பெண்கள் முணுமுணுத்தார்கள். அக்கா மஞ்சள் பூசிய தன் பழைய பானையோடு காத்திருந்தாள். அடி கரி பிடித்தது படத்தில் நன்றாக இருக்காது என்று பந்தல்காரர் அதை வாங்கி ஓரம் வைத்துவிட்டு, தன் வாடகைச் சாமான்களிலிருந்து பளபளவென்று ஒரு பானையைப் பாலோடு கொண்டுவந்து அடுப்பில் வைத்தார். பெரிய மனிதர் உள்ளே நுழைந்ததுமே பால் பொங்கி வழிந்தது. அக்கா குலவையிட்டாள். கேமராக்காரர்கள் இன்னொரு தடவை குலவையிடச் சொன்னார்கள். இட்டாள்.

மேடையில் ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு சாவி கொடுத்தார்கள். தங்கக் காகிதம் ஒட்டிய, முழங்கை நீள அட்டைச் சாவி. இன்றோடு இந்தக் குப்பத்தில் வீடில்லாதவர் ஒருவரும் இல்லை, எல்லோரும் குடியேறிவிட்டார்கள் என்று மைக்கில் சொன்னார் பெரிய மனிதர். சொல்லிவிட்டு, "எல்லாரும் சந்தோஷமா?" என்று கேட்டார்.

நான் பக்கத்துக் கொட்டகைக்காரரைப் பார்த்தேன். அவர் அட்டைச் சாவியை மார்போடு அணைத்திருந்தார்.

"சந்தோஷம்" என்றது கூட்டம். அவரும் சொன்னார். கை தட்டினார்கள், நானும் தட்டினேன். அப்புறம் நாங்கள் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் கடலைப் பார்த்தோம்.

கார்கள் போய்விட்டன. பந்தலைப் பிரிக்கத் தொடங்கினார்கள். பானையைக் கேட்டு வந்த பந்தல்காரரிடம் அக்கா மீதிப் பாலைத் தன் பானையில் ஊற்றிக்கொண்டு அவருடையதைக் கொடுத்தாள். பின்னாலேயே கட்டட மேஸ்திரி பூட்டோடு வந்தார். கூட ஒரு சின்ன அதிகாரி.

வீட்டுக்குள் நான் கொண்டுவந்த பாய் விரித்திருந்தது. அதன்மேல் மாமா தூங்கிக்கொண்டிருந்தார். சாய்ந்து உட்கார்ந்தபடி தூங்குவதுதான் அவர் வழக்கம். அன்று கால் நீட்டி, வாய் மூடித் தூங்கினார். அக்கா பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

"பூட்டணும்மா. கரண்ட் இல்ல, தண்ணி இல்ல. வேலை முடிஞ்சதும் கூப்பிடறோம்" என்றார் அதிகாரி.

"பால் பொங்கிட்ச்சி சார்."

"அது விழாவுக்கும்மா."

"விழாவுக்குப் பொங்குனா வேற பாலா சார்? எங்க வூட்டு ஆம்பள படுத்துனு கீறாரு. ராத்திரி வௌக்கு ஏத்தணும். நாங்க எங்கியும் வர்ல."

அதிகாரிக்கு இது எதிர்பாராதது. படம் எடுக்க ஒரு பெண்மணியைத் தேர்ந்தெடுத்தார்கள். பால் காய்ச்சினால் வீடு அவளுடையதாகிவிடும் என்று யாரும் யோசிக்கவில்லை. வாசலில் கூட்டம் சேர்ந்தது. "நல்லா கேளு பொண்ணே" என்று ஒரு கிழவர் சொன்னார். "அந்த அட்ட சாவிய போட்டுப் பூட்டுங்க சார்" என்றது இன்னொரு குரல். எல்லோரும் சிரித்தார்கள். காலையில் மேடைக்கு முன்னால் வராத தைரியம் அக்காவின் வாசலில் வந்திருந்தது. சாலையோரம் நின்ற போலீஸ்காரர் தொப்பியை மாட்டிக்கொண்டார்.

அதிகாரி சுற்றிப் பார்த்தார். கூட்டத்தில் பேண்ட் போட்டிருந்தது நான் ஒருவன்தான்.

"நீங்க அவங்களுக்கு என்ன வேணும் தம்பி?"

"கூடப்பிறந்தவன்."

தோளில் கை போட்டுப் பந்தலின் மிச்ச நிழலுக்கு அழைத்துப்போனார். பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்காரச் சொன்னார். யாரிடமோ சொல்லி ஒரு பாட்டில் கலர் வரவழைத்துக் கையில் கொடுத்தார். ஜில்லென்று இருந்தது.

"நீங்க வெளி ஊரெல்லாம் பாத்தவரு, உங்களுக்குப் புரியும். போலீஸ் உள்ள போனா அசிங்கமாயிடும். அக்கா பேரு அடிபடும், நாளைக்கு வீடே வேற ஆளுக்குப் போயிடும். ஒரு வாரம். என் பொறுப்பு."

அவர் சொன்னதை நான் நம்பவில்லை. அவரே நம்பவில்லை என்பதும் தெரிந்தது. ஆனால் அரசாங்க ஆள் எவரும் அதுவரை எனக்கு நாற்காலி போட்டதில்லை. கலரைக் குடித்து முடித்தேன். எழுந்து உள்ளே போனேன்.

"அக்கா, ஒரு வாரந்தான் சொல்றாரு. வா, போலாம்."

அவள் என்னைப் பார்த்தாள். "நீ நம்பறியா?"

"நம்பறேன்."

போலீஸ் வந்து இழுத்திருந்தால் கதவைப் பிடித்துக்கொண்டு இருந்திருப்பாள். தாய்வீட்டு ஆள் நானே சொல்லிவிட்டேன். மாமாவின் தோளைத் தொட்டு எழுப்பினாள். அவர் எழுந்து, எங்கே இருக்கிறோம் என்று ஒரு நிமிஷம் பார்த்துவிட்டுப் புரிந்துகொண்டு, சுவரைப் பிடித்தபடி வெளியே வந்தார். நான் பாயைச் சுருட்டக் குனிந்தேன்.

"அது கெடக்கட்டும். மொத ராத்திரி வூடு தனியா கெடக்கக் கூடாது."

மேஸ்திரி பூட்டினார். கூட்டம் கலைந்தது. என்னைக் கடந்து போகும்போது பக்கத்துக் கொட்டகைக்காரர் கேட்டார்: "இன்னா மச்சான், கலரு நல்லா ஜில்லுனு இருந்துச்சா?"

கொட்டகையில் அக்கா சோறு போட்டு வைத்திருந்தாள். "துன்னுட்டுப் போடா" என்றாள். வேலை இருக்கிறது என்று சொன்னேன். வேலை இல்லை. தகரத்தின்மேல் காக்கை நடக்கும் சத்தமும் மாமாவின் மூச்சும் கேட்டன. பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

உப்பளங்களைத் தாண்டிக் கொஞ்ச தூரம் நடந்திருப்பேன். பின்னால் வந்த மினி லாரி ஒன்று ஒதுங்கி நின்றது. பந்தல்காரர்தான். மூங்கிலும் நாற்காலியும் ஏற்றியிருந்தது.

"எங்கப்பா போற? ஏறிக்கோ."

ஏறினேன். பாலாற்றுப் பாலத்தைத் தாண்டும்போது போனை என் பக்கம் திருப்பினார். செய்தியில் அக்கா குலவையிட்டாள். இரண்டாவது தடவை இட்டது. அவளுக்குப் பின்னால் பாயைக் கட்டிப்பிடித்தபடி நான் இளித்துக்கொண்டு நின்றேன். குடும்பங்கள் இன்று மகிழ்ச்சியோடு குடியேறின என்று ஒரு பெண் குரல் சொன்னது.

"நீ கூட கீற பாரு" என்றார் பந்தல்காரர். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

கல்பாக்கம் அணுமின் நிலைய ஊழியர் குடியிருப்பில் விளக்குகள் எரிந்தன. அங்கே வேலை செய்தபோது ஒரு வீட்டுக் கூரையில் உள்ளங்கை அகலத்துக்கு ஈரம் பூத்திருந்தது. சொன்ன இரண்டாம் நாள் நாங்கள் ஏணியோடு போய் நின்றோம். தொந்தரவுக்கு மன்னிச்சுக்கோங்க என்று சொல்லி அந்த அம்மா காபி கொடுத்தார். அதுவும் அரசாங்கம் கட்டின வீடுதான். கட்டத் தெரியாமல் இல்லை.

"பால் எப்படிண்ணா அவரு வந்தவுடனே பொங்குச்சி?" என்று கேட்டேன்.

"பின்னாடி வேற அடுப்புல காய வச்சித்தான் எடுத்தாறது. பெரிய ஆளுங்க பால் காயறவரைக்கும் நிப்பாங்களா? பொங்கலன்னா எல்லாருக்கும் பேஜாரு." கியரை மாற்றினார். "அந்த வேலைய பாத்துனு இருந்தவன் நின்னுட்டான். நாளைக்கு திருக்கழுக்குன்றம் பக்கத்துல இதே மாதிரி ஒண்ணு கீது. நீ வரியா?"

யோசித்தேன் என்று எழுதினால் பொய். சரி என்றேன்.

மறுநாள் காலை மலைக்கோயில் தெரிகிற ஒரு பொட்டலில், பந்தலின் பின்திரைக்கு அந்தப்பக்கம், கேஸ் அடுப்பில் பால் காய்ச்சினேன். அதே பானை. அக்காவின் விரலிலிருந்து ஒட்டிய மஞ்சள் விளிம்பில் இன்னும் இருந்தது. நேற்று யாரும் சரியாகக் கழுவவில்லை. முன்வரிசை வீடுகளுக்கு அதே வெளிர்மஞ்சள். பின்வரிசையை நான் போய்ப் பார்க்கவில்லை.

திரையை விலக்கிக்கொண்டு ஒரு பெண் எட்டிப் பார்த்தார். அக்கா வயதுதான் இருக்கும். பட்டுப்புடவை, தலை நிறையப் பூ.

"தம்பி, நான் பானைய அடுப்புல தூக்கி வச்சா மட்டும் போதுமா? நீங்களே காச்சிடுவீங்களா?"

"ஆமாக்கா. உள்ள போனதும் ஒரு நிமிஷத்துல பொங்கிடும்."

சிரித்தார். கக்கத்தில் சுருட்டிய பாய் ஒன்று வைத்திருந்தார். கடைக்காரர் சுற்றிக்கொடுத்த பிளாஸ்டிக் இன்னும் பிரிக்கவில்லை.

"அப்ப இத உள்ள விரிச்சுட்டு வந்துடறேன்."

"வேணாங்கா" என்றேன். "கையிலயே வச்சிக்குங்க."

"ஏன் தம்பி?"

பந்தலுக்கு அந்தப்பக்கமிருந்து பந்தல்காரர் குரல் கொடுத்தார்: "காரு திரும்பிட்ச்சி. தீய ஏத்து."

ஏற்றினேன்.