தாம்பாளத்தைத் தொடாத கை

தம்பி நீலத் தொப்பி மாட்டிக்கொண்டு அமைதிப்படையோடு ஏதோ ஒரு எல்லைக்குக் காவல் போன நாளிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. மலேசியாவில், தங்காக்கில் நான் வேலை பார்க்கும் துணிக்கடையில் ரவிக்கைத் துணியை அளந்துகொண்டே கைப்பேசியைப் பார்ப்பேன். அளவு தப்பும். முதலாளியம்மா முறைப்பார். முறைக்கட்டும், அவருக்கென்ன, அவர் தம்பியா அங்கே நிற்கிறான்?

அன்று செய்தியில் பார்த்தேன். எல்லைக்கு அப்பாலிருக்கும் பெரிய நாட்டின் டாங்கிகள் கோடு தாண்டி வந்து, அமைதிப்படையின் காவல் சாவடி ஒன்றின் சுவரை இடித்துவிட்டன. உடனே தம்பியை அழைத்தேன், எடுக்கவில்லை. சாயங்காலம்தான் அவன் அழைப்பில் கிடைத்தான்.

"எங்க சாவடி இல்லக்கா, பக்கத்துச் சாவடி. நாங்க பங்கர்ல இருக்கோம்."

"துப்பாக்கி வச்சிருக்கீங்கல்ல? சும்மாவா விட்டீங்க?"

"எங்க உயிருக்கு ஆபத்துன்னாதான் சுடலாம். டாங்கிய நிறுத்த எங்களுக்கு ஆர்டர் இல்ல. யாரு கோடு தாண்டுனாங்கன்னு பாத்து மேல எழுதி அனுப்புவோம்."

"மேலன்னா?"

"உலக சபைக்கு. அங்க அஞ்சு பெரிய நாட்டுல ஒண்ணு வேணாம்னு சொன்னாலும் எதுவும் நடக்காது. அதுல ஒண்ணு இந்த டாங்கிக்காரங்களுக்கு ரொம்ப வேண்டிய நாடு."

"அலமாக்! நம்ம கோயில் கமிட்டியேதான்லா!"

எங்கள் கோயிலைக் கட்டியவை மூன்று குடும்பங்கள். எந்த முடிவானாலும் வெற்றிலைத் தாம்பாளத்தை அந்த மூன்று வீட்டுப் பெரியவர்கள் முன்னால் நீட்டுவார்கள். மூவரும் தொட்டால்தான் முடிவு. கோயில் திடலை வளைத்துப்போட்டு ஒரு லாரி முதலாளி லாரிகளை நிறுத்துகிறார். எத்தனையோ கூட்டம் போட்டாயிற்று. மூவரில் ஒருவர் அவருக்குச் சம்பந்தி. தாம்பாளம் முன்னால் வந்ததும் மனுஷன் கையைக் கட்டிக்கொள்வார். லாரி அங்கேயே நிற்கும். நல்லவேளை, லாரி யாரையும் சுடுவதில்லை.

"அப்ப நீ அங்க எதுக்குடா? கிளம்பி வந்துடு!" என்று கத்தினேன்.

"சாவடிக்குப் பின்னால ஒரு அம்மா வீடு இருக்குக்கா. தினமும் எங்க வேலியிலதான் துணி காயப்போடும். நாங்க இருக்கிற வரைக்கும் இந்தப் பக்கம் சுட மாட்டாங்கன்னு அதுக்கு ஒரு நம்பிக்கை. ஊரே காலி பண்ணிப் போயிருச்சு, அது மட்டும் போகல."

எனக்கு எரிச்சல்தான் வந்தது. யாரோ ஒருத்தியின் துணியா முக்கியம்? அம்மனிடம் நேராகவே கேட்டேன்: அவனைப் பின்னால் இழுத்துக்கொள், தாயே.

நாலைந்து நாளில் இழுத்துக்கொண்டாள். டாங்கி அனுப்பிய நாடு மிரட்டியதாம், மேலிடம் சாவடியைக் காலி செய்யச் சொன்னதாம். தூரத்து முகாமுக்குப் போய்விட்டோம் என்று தம்பி செய்தி அனுப்பியிருந்தான். கடையிலேயே அழுதுவிட்டேன். முறைக்கிற முதலாளியம்மாவே தேத்தண்ணி வாங்கிக் கொடுத்தார். சாயங்காலம் லாரிகளுக்கு நடுவே புகுந்து போய்ச் சூடம் கொளுத்திவிட்டு வந்தேன்.

மறுநாள் அழைத்தான். சாப்பிட்டாயா, தூங்கினாயா என்று அடுக்கினேன். எல்லாவற்றுக்கும் ம் கொட்டினான்.

"ஏன்டா ஒரு மாதிரி இருக்கே? இப்பதான் பத்திரமா இருக்கியே."

"நேத்து சாவடிப் பக்கம் குண்டு விழுந்த சத்தம் கேட்டுச்சுக்கா."

"அந்தம்மா?"

"தெரியல. இங்கேருந்து பாத்தா வேலி தெரியல."