எத்தனையாம் பக்கத்தில் நின்றது

மழை விட்ட காலைகளில், மெல்பனுக்கு வெளியே கிரான்பர்னில் என் வீட்டுக் கடிதப்பெட்டியிலிருந்து விளம்பரத் தாள்களை இழுத்தெடுக்கும்போது அந்த வாசனை வருகிறது. மையும் ஈரமும் சேர்ந்து ஊறிய, இலேசாகப் புளித்த மரவாசனை. மற்றவர்கள் குப்பைத் தொட்டியில் எறிந்துவிட்டு வேலைக்குப் போவார்கள். நான் நின்றுவிடுகிறேன். ஒட்டிக்கிடக்கும் தாள்களைக் கை தானாகப் பிரிக்கத் தொடங்குகிறது, ஒன்று, இரண்டு, மூன்று என்று, உள்ளே எங்கோ ஒரு ஈயத்துண்டு காத்துக் கிடப்பதுபோல.

அப்போது எனக்கு ஒன்பது வயது. அப்போது மெல்பனில் இல்லை; வேறு மாநிலத்தில், பென்டில் ஹில்லில் இருந்தோம். அப்பாவின் தம்பி, என் சித்தப்பா, எங்களுக்கு முன்பே இந்த நாட்டுக்கு வந்தவர், எங்களோடு ஒரே வீட்டில் இருந்தார். தொழிற்சாலையில் கூட வேலை செய்த ஒரு வெள்ளைக்காரரிடம் இரண்டு விஷயங்களைப் பழகியிருந்தார்: கிரிக்கெட்டில் எங்கள் பக்கம் தோற்றால் வாய் திறக்காமல் இருப்பது, மலைகளுக்கு அப்பால் போய்க் காட்டாடு சுடுவது. கடையில் விற்கும் தோட்டா அவருக்குப் பிடிக்காது. சுட்டு முடிந்த பித்தளைக் கோதுகளைத் துடைத்து, வெடிமருந்து நிறுத்துப் போட்டு, நுனியில் குண்டை இருத்தி, கராஜ் மேசையில் தானே கட்டுவார். அம்மா குசினியில் மோதகம் பிடிக்கும் அதே பக்குவம். இதை நான் சொன்னபோது இருவருக்குமே பிடிக்கவில்லை.

ஒரு சனிக்கிழமை வெறுங்கையோடு வந்தார். கொண்டுபோன குண்டு பாரம் குறைந்தது, ஆட்டின் தோள் எலும்பில் பட்டுச் சிதறிவிட்டது, ஆடு ஓடிவிட்டது. பின்னேரம் முழுக்கத் தேடியும் கிடைக்கவில்லையாம்.

"இறைச்சிக்கடைக்காரன் உனக்குக் கோயில் கட்டப்போறான்" என்று அப்பா பகிடி பண்ணினார்.

"அது எங்கையோ கிடந்து சாகுது அண்ணை" என்றார் சித்தப்பா. சாப்பாட்டுக் கோப்பையில் போட்ட சோறு அப்படியே இருக்க எழும்பிவிட்டார்.

அடுத்த கிழமை கராஜ் மேசையில் மூன்று பெட்டிகள் இருந்தன. நூற்றுப்பத்து, நூற்றைம்பது, நூற்றெண்பது கிறெயின். குண்டின் நிறையை அப்படித்தான் சொல்வார்கள். மூன்றும் ஒரே துவக்கில் போட்டுச் சுடுவதுதான், பருமனும் ஒன்றுதான், நீளத்தில்தான் வித்தியாசம். என் உள்ளங்கையில் ஒவ்வொன்றாக வைத்தார். குளிர்ந்திருந்தன.

"எது நல்லது சித்தப்பா?"

"பாரம் குறைஞ்சது பறந்து போகும், பட்ட இடத்திலையே சிதறிப்போம். பாரம் கூடினது ஆறுதலாப் போய், மற்றப் பக்கத்தாலை வெளியிலை வந்திடும். எனக்கு வேண்டியது ஆழமாப் போய், உள்ளுக்கையே நிக்கிறது. ஆட்டுக்கு நோகக்கூடாது."

"சுட்டா நோகும்தானே?"

"வாய்க்காரி! நொந்தாலும் ஒரு நிமிசம்தான் எண்டு இருக்கோணும்."

மூன்றையும் சோதித்துப் பார்க்க ஈரத்தாள் வேண்டும். ஊறிய பத்திரிகைக் கட்டு இறைச்சியைப்போல நடந்துகொள்ளுமாம். எந்தக் குண்டு எவ்வளவு தூரம் போய் என்ன செய்கிறது என்பதைப் பக்கம் பக்கமாகப் பிரித்துப் பார்க்கலாமாம். வீட்டில் இருந்தது ஒரே ஒரு ரெலிபோன் புத்தகம், அது போதாது.

"பேப்பர் சேர்த்துத் தாற ஆளுக்குக் காரிலை முன் சீற்" என்றார்.

அம்மாவின் கட்டிலுக்குக் கீழே பத்திரிகைகள் அடுக்கடுக்காக இருந்தன. கொழும்பிலிருந்து யாரோ மாதக்கணக்கில் சேர்த்து அனுப்பும் தமிழ்ப் பத்திரிகைகள். எனக்குத் தமிழ் பேச வரும், வாசிக்க வராது. என் கண்ணுக்கு அவை எல்லாம் ஒன்றுதான்: மஞ்சளாய்ப்போன, எல்லாரும் வாசித்து முடித்த, தூசி பிடித்த எறும்பு வரிசைகள். மூன்று முறை அள்ளி வந்தேன். வடிவாக இருக்கட்டும் என்று ஒவ்வொரு கட்டுக்கும் வெளியே சுப்பர்மார்க்கெட்டின் கலர் விளம்பரத் தாள்களைச் சுற்றி, கயிறு போட்டு, கராஜில் வாளிகளில் ஊறப்போட்டேன். சித்தப்பா வந்து கட்டுகளை விரலால் குத்திப் பார்த்தார். "கெட்டிக்காரி" என்றார். அந்தச் சொல்லை இரண்டு நாள் சாப்பிட்டுக்கொண்டு திரிந்தேன்.

சனிக்கிழமை சுடப் போனது வெள்ளைக்காரரின் நண்பருடைய காணிக்கு. காய்ந்த புல், கம்பிவேலி, பெயர் தெரியாத பறவை ஒன்றின் ஓயாத முறைப்பாடு. மண்மேட்டில் கட்டுகளைச் சாய்த்துவிட்டு என்னைக் காருக்குள் இருத்தினார். காதைப் பொத்திக்கொண்டேன். மூன்று முறை மார்புக்குள் இடித்தது.

நூற்றுப்பத்து போன கட்டின் முன்பக்கம் கஞ்சியாகிக் கிடந்தது; பின்பக்கம் ஒன்றும் ஆகவில்லை. நூற்றெண்பது சின்ன ஓட்டையொன்றைப் போட்டுக்கொண்டு நேரே மண்ணுக்குள் போயிருந்தது. நூற்றைம்பது போன கட்டைச் சித்தப்பா தூக்கித் திருப்பிப் பார்த்தார். பின்னால் ஓட்டை இல்லை.

"நிண்டிட்டுது!" துள்ளினார். "எண்ணு பிள்ளை, எத்தனையாம் பக்கத்திலை நிண்டது எண்டு பாப்பம்."

அவர் பிரிக்க, நான் எண்ணினேன். விளம்பரத் தாள்கள் போய்த் தமிழ் வந்ததும் அவருடைய கை மெதுவானது. நாற்பத்தொன்று என்றேன். அடுத்த தாளை அவர் திருப்பவில்லை. முத்திரை அளவில் படங்கள், வரிசை வரிசையாக இளைஞர்கள். அதில் ஒரு முகத்துக்குக் கீழே, பெயர் இருக்கவேண்டிய இடத்தில், விரல் நுழையும் ஓட்டை.

"இது எங்கையிருந்து எடுத்தனி?"

"அம்மான்ரை கட்டிலுக்குக் கீழை."

"இது உன்ரை மாமா, பிள்ளை."

"ஊரிலை இருக்கிற மாமாவோ?"

அவர் அந்தத் தாளைக் கிழியாமல் மெல்ல உரித்தெடுத்தார். அம்மாவின் தம்பி ஊரில் இருக்கிறார் என்றுதான் எனக்குச் சொல்லியிருந்தார்கள். குண்டு எத்தனையாம் பக்கத்தில் நின்றது என்று நாங்கள் எண்ணி முடிக்கவேயில்லை.

அந்தத் தாளைக் காரின் பொனற்றில் விரித்து, காற்றுக்குப் பறக்காமல் நான்கு மூலையிலும் நான்கு குண்டுகளை வைத்தார். வரும் வழியில் ஒரே ஒருமுறைதான் பேசினார்.

"நான்தான் எடுத்தனான். நீ ஒண்டும் சொல்லக்கூடாது. விளங்குதோ?"

சந்தோஷமாகத் தலையாட்டினேன்.

குசினி மேசையில் தாளை வைத்து, "பிழைவிட்டிட்டன் அண்ணி, நான்தான் எடுத்தனான்" என்றார். அம்மா கையைத் துடைத்துக்கொண்டு குனிந்தார். ஓட்டையின் விளிம்பைச் சுண்டுவிரலால் தொட்டார்.

"என்ரை அறைக்குள்ளை நீங்கள் எப்ப வந்தனீங்கள், தம்பி?"

"நான்தான் அண்ணி" என்றார் சித்தப்பா திரும்பவும். அவர் பேச்சு வாங்குகிறார், நான் தப்பிவிட்டேன் என்று நினைத்தேன். அம்மா இரண்டு குளியல் துவாய்களுக்கு நடுவில் தாளை வைத்து, சூடு குறைத்து, மெல்ல மெல்ல இஸ்திரி போட்டார். ஊரில் சண்டைக்காலத்தில் காணாமல் போனவர்களின் படங்கள் வந்த பக்கம் அது. அந்தப் படத்தை அம்மா ஏன் முன்பே வெட்டி எடுத்து வைக்கவில்லை என்பதைப் பெரியவளான பிறகுதான் கேட்டறிந்தேன். வெட்டிச் சட்டம் போடுவது செத்தவர்களுக்கு. அம்மா தன் தம்பியைப் பத்திரிகைக்குள்ளேயே, மற்றப் பிள்ளைகளோடு, மடித்து வைத்திருந்தார்.

அதற்குப் பிறகு கராஜ் மேசையில் பித்தளைச் சத்தம் கேட்கவில்லை. சித்தப்பாவும் அம்மாவும் ஒருவரையொருவர் கண்டால் வழிவிட்டு நடந்தார்கள். ஒரு மாதத்தில் சித்தப்பா, மெல்பனில் வேலை கிடைத்திருக்கிறது என்றார். அவரைக் கோச் பஸ்ஸில் ஏற்றிவிட அப்பா காரை இயக்கிக்கொண்டிருந்தார். நான் பின் சீற்றில் இருந்தேன், வாயை இறுக மூடிக்கொண்டு, சொன்ன சொல்லைக் காப்பாற்றும் பெருமையில்.

அம்மா சோற்றுப் பார்சலோடு வந்து முன் சீற்றில் இருந்த சித்தப்பாவின் கண்ணாடிப் பக்கம் குனிந்தார். அவர் சொன்னது, நான் தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்குப் போகாமல் கள்ளம் அடிப்பது பற்றிய வழக்கமான முறைப்பாடு என்றுதான் அன்றைக்கு எடுத்துக்கொண்டேன்.

"அவளுக்குத் தமிழ் வாசிக்கப் பழக்காதது என்ரை பிழை, தம்பி. அதுக்காக நீங்கள் போகவேண்டாம்."

"சீ, வேலைக்குத்தானே போறன். போயிட்டு வாறன் அண்ணி."