பம்பாய்க்குப் போன யானை

என் வீட்டுக்காரர் பள்ளிக்கூடத்திலிருந்து ஓய்வு பெற்ற அன்று அவருக்கு மாலை போட்டார்கள். நியாயமாக எனக்குத்தான் போட்டிருக்க வேண்டும். அத்தனை வருஷம் நாற்பது பிள்ளைகளை அதட்டிய குரல் மறுநாளிலிருந்து முழுநேரமும் என் ஒருத்தி மேல் வந்து விழுந்தது. சாம்பாரில் புளி ஏன் தூக்கலாக இருக்கிறது, விறகை ஏன் இப்படி அடுக்கியிருக்கிறாய், பால்காரன் ஏன் இன்னும் வரவில்லை. வேலைக்குப் போகிற ஆண்பிள்ளைக்கு வாழ்க்கைப்பட்டவள் நான். வீட்டிலேயே இருக்கிற ஆண்பிள்ளையை என்ன செய்வதென்று என் அம்மா சொல்லித்தரவில்லை. அவளுக்கும் தெரிந்திருக்காது, என் அப்பா கடைசிவரை வயலிலேயே கிடந்தவர்.

மதுரையில் வேலையாக இருந்த மகன் வந்து பார்த்துவிட்டு, "அப்பா இனிமே நிம்மதியா உக்காரட்டும்மா. கோயிலுக்குப் போகட்டும், ராமாயணம் படிக்கட்டும்" என்று சொல்லிவிட்டு அடுத்த வண்டியில் ஏறிப் போய்விட்டான். சொல்லிவிட்டுப் போகிறவர்களுக்கு என்ன! இவர் ஒருநாள் கோயிலுக்குப் போனார், பூசாரியின் உச்சரிப்பைத் திருத்தினார். அதோடு அதுவும் நின்றது.

எனக்கு இதில் இன்னொரு கஷ்டம். சாப்பாட்டுச் சோலி முடிந்த மத்தியானம் போடியில் எங்கள் வீட்டு முன்கூடத்தில், பட்டாசாலை என்போம், ஏலக்காய் பொறுக்குவோம். மலையிலிருந்து இறங்கிய காயைக் கமிஷன் கடைக்காரர் மூட்டையில் அனுப்புவார். ஆளுக்கொரு சுளகில் கொட்டிக்கொண்டு, பச்சை மாறாத பெரிய காய் ஒரு பக்கம், வெடித்தது ஒரு பக்கம், பூச்சி விழுந்தது ஒரு பக்கம் என்று பிரிப்போம். பிள்ளைகள் எல்லாம் பறந்துபோன வீட்டில் அந்த மத்தியானம்தான் எனக்கு உயிர். எதிர்வீட்டு ராவுத்தரம்மா வருவார்; என்னைவிட மூத்தவர், வாயில் வெற்றிலையும் வம்பும் தீராது. மேற்குத் தெருவிலிருந்து இன்னொருத்தி வருவாள். குரங்கணிப் பக்கம் தோட்டங்களில் காய் எடுத்தவள், முட்டி போனதால் மலையை விட்டு இறங்கியவள். அவளை நாங்கள் மலைக்காரி என்றே கூப்பிடுவோம். இன்னும் இரண்டு மூன்று பேர் வருவதும் போவதுமாக இருப்பார்கள். நாங்கள் பேசாத பேச்சு கிடையாது. இப்போது நடுவில் ஒரு வாத்தியார் வந்து உட்கார்ந்துகொண்டால் எப்படிப் பேசுவது?

"இந்தாங்க, சும்மா எங்க வாயப் பாத்துக்கிட்டு இருக்கறதுக்குப் பேப்பரையாச்சும் வாசிங்க" என்றேன் ஒருநாள், எரிச்சலில்.

அது அப்படியே பிடித்துக்கொண்டது. யுத்தத்தின்போது பிடுங்கிய தண்டவாளத்தைத் திரும்பப் போட்டு மதுரை ரயில் மறுபடி ஓடத் தொடங்கியிருந்த காலம் அது. பேப்பர் வண்டியில் வரும். இவர் சட்டையைப் போட்டுக்கொண்டு, தொண்டையைச் செருமிக்கொண்டு, சட்டசபையிலிருந்து ஆரம்பிப்பார். "அந்தக் கருமத்த விடுங்க வாத்தியாரே, எங்கிட்டு யாரு யார வெட்டுனா, அதச் சொல்லுங்க" என்பார் ராவுத்தரம்மா. மந்திரிகள் போய், ஓடிப்போனவர்களும் விஷம் வைத்தவர்களும் வந்தார்கள். முக்கியமாக ஒரு வழக்கு. சேலத்துப் பக்கம் ஒரு மருமகள், மாமியாருக்கு அரளிவிதை அரைத்துக் கொடுத்ததாகக் கேஸ். எங்கள் பட்டாசாலையே இரண்டு கட்சியாகப் பிரிந்தது. மாமியாரை வைத்துக் காலம் தள்ளியவர்களெல்லாம் மருமகள் கட்சி. மருமகளை வைத்துக்கொண்டிருந்த ராவுத்தரம்மா ஒற்றை ஆளாக மாமியார் கட்சி. இவர் நீதிபதி மாதிரி இருபக்கமும் கேட்டுக்கொண்டு மீசையைத் தடவுவார். சாம்பார் பற்றிய விசாரணை அடியோடு நின்றுவிட்டது. மத்தியானத்துக்காகக் காலையிலேயே சவரம் செய்துகொள்ள ஆரம்பித்தார்.

அப்புறம்தான் பேப்பரில் யானை வந்தது. முதலில் பக்கத்து ஊரான தேவாரத்தில் வந்தது. அது சரி, வருவதுதான். பிறகு கோயம்புத்தூரில். ஒருநாள் பம்பாயில் யானை புகுந்து சோளக்காட்டை அழித்துவிட்டது என்று வாசித்தார்.

"பம்பாயில எங்கிட்டுண்ணே சோளக்காடு?" என்றாள் மலைக்காரி.

"ஊருக்கு வெளியில" என்றார் இவர், தாளிலிருந்து தலையைத் தூக்காமல்.

அடுத்த வாரம் கல்கத்தாவில் ஒரு கல்யாண வீட்டில் மொய் எழுதுவதில் தகராறு, பந்தலைப் பிரித்துவிட்டார்கள். லண்டனில் கண்மாய் உடைந்தது. உலகம் முழுக்க எங்கள் போடியாகிக்கொண்டே வந்தது. எனக்குச் சந்தேகம் வந்து, அப்பளம் காயப்போட எடுத்த அந்தப் பேப்பரை வெயிலில் கண்ணோடு ஒட்டிப் பிடித்து எழுத்துக்கூட்டிப் பார்த்தேன். கண்மாயும் இல்லை, கல்யாணமும் இல்லை. அன்று சாயங்காலம் இவர் தம்ளர் இருக்கும் இடத்தைக் கையால் துழாவுவதைப் பார்த்தேன். இரண்டு கண்ணிலும் புரை விழுந்திருந்தது.

நான் கேட்கவில்லை. வாயாடி என்று பெயர் வாங்கிய நான் இந்த ஒரு விஷயத்தில் வாயைத் திறக்கவில்லை. எனக்குப் பயமாக இருந்தது. ஓய்வு பெற்ற முதல் மாசங்களில் யாரும் வராத வாசலைப் பார்த்துக்கொண்டு இவர் உட்கார்ந்திருந்தது எனக்கு மறக்கவில்லை. இந்தப் பேப்பரும் போனால் மறுபடி அந்த வாசல்தான். ஊரில் வேறு யாருக்காவது கண்ணில் புரை அறுக்கிற பேச்சு வந்தாலும், "எனக்குன்னா நான் செத்தப்புறம் அறுக்கட்டும்" என்று எழுந்து போய்விடுகிற மனுஷன். ஆகவே லண்டன் கண்மாய்க்கு நானும் உச்சுக் கொட்டினேன்.

சேலத்து வழக்குதான் காட்டிக்கொடுத்தது. தீர்ப்பு சொன்னால் ஒரு கட்சி கோபித்துக்கொள்ளும் என்று இவர் அதை வாய்தாவிலேயே ஓட்டிக்கொண்டிருந்தார். நீதிபதிக்குக் காய்ச்சல் என்றார். வக்கீலுக்குப் பேதி என்றார். ஒருநாள் ராவுத்தரம்மா வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு, "வாத்தியாரே, அந்தப் புள்ளைய விடுதலை பண்ணி மூணு மாசமாச்சுன்னு எம்மகன் சொல்றான்" என்றார்.

சுளகுகள் நின்றுவிட்டன. இவர் பேப்பரை நாலாக மடித்தார். எழுந்து, நிலைப்படியைத் தடவி, உள்ளே போய்விட்டார். மறுநாள் மத்தியானம் வரவில்லை. அதற்கு மறுநாளும் இல்லை. சவரமும் இல்லை. கட்டிலில் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். நான் ராவுத்தரம்மாவோடு சண்டை போட்டேன். "நீங்க வாய வச்சுக்கிட்டுச் சும்மா இருந்தா என்னக்கா?" என்றேன். "நாளைக்குக் கெணத்துல விழுந்தா அப்பவும் சும்மா இருக்கணுமா தாயி?" என்றார் அவர்.

கடைசியில் மலைக்காரிதான் அறைவாசலில் போய் நின்றாள். "அண்ணே, நீங்க பொய் வாசிச்சதெல்லாம் எங்களுக்கு எப்பவோ தெரியும். நல்லாத்தான இருந்துச்சு? கண்ண அறுத்துட்டு வெரசா வாங்க. அதுவரைக்கும் உங்க எடத்துல யாரையும் உக்கார விடமாட்டோம்."

நான் சொல்லிக் கேட்காதவர் அவள் சொல்லிக் கேட்டார். புருஷன்மார்களின் லட்சணம் அது.

மதுரையில் கண்ணை அறுத்து, இரண்டையும் கட்டி, தலை அசையாமல் இருக்க இருபக்கமும் மணல்மூட்டை வைத்துக் கிடத்தினார்கள். மெல்லக் கூடாது, இருமக் கூடாது, பேசக் கூடாது. கஞ்சியை நான் ஊற்றினேன். எங்கள் கல்யாணத்துக்குப் பிறகு அவர் இவ்வளவு அமைதியாக இருந்ததில்லை. மனசுக்குள் அழுதுகொண்டே, இந்த அமைதியைக் கொஞ்சம் ரசித்ததும் உண்டு.

சோடாபுட்டிக் கண்ணாடியோடு திரும்பி வந்தார். முதல் மத்தியானம் அத்தனை பேரும் சீக்கிரமே வந்துவிட்டார்கள். இவர் கம்பீரமாகப் பேப்பரை விரித்து, உள்ளதை உள்ளபடி வாசித்தார். ஐந்தாண்டுத் திட்டம், அரிசி நிலவரம், ஒரு பாலத் திறப்புவிழா. ராவுத்தரம்மா கொட்டாவி விட்டார். "கண்ணு தெரியாதப்பவே தேவல" என்றார். எல்லோரும் சிரித்தோம், இவரும் சிரித்தார்.

சிரித்தபடியே குனிந்து என் சுளகைப் பார்த்தார். புதுக் கண்ணாடி இல்லையா, எதையும் சும்மா பார்க்க முடியவில்லை. "என்ன இது? பூச்சிக்காயெல்லாம் நல்ல காயோடயே கெடக்கு?" என்றார்.

"பெருசாக் காயக் கண்டுட்டீங்க!" என்று நான் பாய்ந்தேன். "இத்தன வருஷமாப் பொறுக்குறேன், ஒரு மூட்டை திரும்பி வந்திருக்கா? கேளுங்க இவுகள!"

மலைக்காரி தன் சுளகைக் குனிந்து பார்த்தாள். ராவுத்தரம்மா என் முகத்தைப் பார்க்காமல், "விடுங்க வாத்தியாரே, அத நாங்க பொறுக்கிக்கிடுவோம்" என்றார்.

எனக்கு ஒரு கணம் விளங்கவில்லை. பிறகு விளங்கியது. நான் அடுப்பைப் பார்க்க எழுந்து போகும்போதெல்லாம் என் குவியல் இவர்கள் மடியில் ஏறி இறங்கியிருக்கிறது.

"எத்தன நாளாக்கா?" என்றேன்.

"அண்ணே பேப்பர் வாசிக்க வாரதுக்கு முன்னாடியிருந்தே" என்றாள் மலைக்காரி.

கோபம் வந்தது, அவமானமாக இருந்தது, இவர்கள் எல்லோரையும் கட்டிக்கொண்டு அழவேண்டும் போலவும் இருந்தது. புருஷனின் குருட்டை ஊருக்குத் தெரியாமல் மூடிவைத்த பெரிய மனுஷி நான்! வெளிச்சம் பத்தவில்லை, ஜன்னல் சரியில்லை, காய் முன்னைப்போல் இல்லை என்று மலையையே குறைசொல்லிக்கொண்டிருந்தேன். சுளகை ராவுத்தரம்மா பக்கம் தள்ளிவிட்டு, மதுரை வண்டி காலையில் எத்தனை மணிக்கு என்று இவரிடம் கேட்டேன்.

இவர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு என்னை நன்றாகப் பார்த்தார். "அறுக்கறது ஒண்ணும் வலிக்காது" என்றார். "ஆனா பத்து நாள் வாயத் தொறக்கப்படாது. நீ தாங்குவியா?"