காலியாகத் திரும்பி வந்த கிளாஸ்கள்

அபுதாபியில் ஒரு ஹோட்டல் உணவகத்தில், எந்த ஒயின் நன்றாக இருக்கும் என்று விருந்தினர்களுக்கு எடுத்துச் சொல்வது என் வேலை. ஊரில் இதைச் சொன்னால், "அப்ப தெனமும் ஊத்திக்கிட்டுத்தான் இருப்ப" என்கிறார்கள். இந்த வேலைக்கு வந்த அன்று நான் ஒயினை நாக்கில் வைத்ததே இல்லை என்றால் யார் நம்பப்போகிறார்கள்?

அதற்கு முன் நாலு வருடம் அதே உணவகத்தின் பின்பக்கம் கிளாஸ் கழுவிக்கொண்டிருந்தேன். மருந்துத் தண்ணீரில் ஊறி ஊறி என் விரல் நுனிகளில் தோல் உரிந்து, ரேகை என்று ஒன்று இருந்ததற்கான தடயமே போய்விட்டது. டூட்டிக்கு வரும்போது விரல் வைக்கும் மெஷின் என்னை மனிதனாகவே மதிக்காது. பத்து விரலையும் மாற்றி மாற்றி வைப்பேன். பத்துக்கும் சிவப்பு விளக்குதான். "பாய், நீ இன்னிக்கும் வரலையாமே" என்று காவலாளி என் முகத்தைப் பார்த்தே இந்தியில் சொல்வார். அந்தத் தொட்டியை விட்டு எப்படியாவது வெளியே வரவேண்டும் என்பதைத் தவிர எனக்கு அப்போது வேறு லட்சியம் கிடையாது.

எங்கள் மேனேஜர் பாலக்காட்டுக்காரப் பெண்மணி. தமிழ் நன்றாகப் பேசுவார், திட்டும்போது இன்னும் நன்றாக. பெரிய கம்பெனி பாட்டில்களை எல்லா ஹோட்டலும் வைத்திருக்கிறது, நாம் சின்னத் தோட்டக்காரர்களின் ஒயினை வைப்போம் என்பது அவருடைய யோசனை. லெபனான் மலையில் ஒரு குடும்பம், ஜார்ஜியாவில் அண்ணன் தம்பி இருவர், நாசிக் பக்கம் ஒரு விதவை அம்மா என்று ஆறு தோட்டங்களைப் பிடித்தார். ஆறையும் ஆளுக்குக் கொஞ்சம் ஊற்றி, கிளாஸின் காம்பில் ஒன்று முதல் ஆறு வரை எண் போட்ட அட்டை வளையம் மாட்டிக் கொடுப்போம். பிடித்ததைப் பாட்டிலாக வாங்கிக்கொள்ளலாம். இதையெல்லாம் விளக்கிச் சொல்ல ஒருவர் இருந்தார். இரண்டே மாதத்தில் அவர் தோஹாவில் வேலை கிடைத்துப் போய்விட்டார்.

"இங்க யாருக்காவது திராட்சை பத்தித் தெரியுமா?" என்று காலைக் கூட்டத்தில் மேனேஜர் கேட்டார்.

என் கை தானாகத் தூக்கிக்கொண்டது. "மேடம், எனக்குக் கம்பம் பக்கம். எங்க ஊரே திராட்சைத் தோட்டம்."

ஊர் திராட்சைத் தோட்டம் என்பது உண்மை. அதில் ஒரு கொடிகூட எங்களுடையது இல்லை என்பதை அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. பன்னீர் திராட்சையை உப்பு மிளகாய்ப்பொடி தொட்டுத் தின்பதுதான் அதில் எனக்கிருந்த ஆராய்ச்சி.

"அடுத்த வியாழக்கிழமை சாயங்காலம் எட்டு டேபிள். நீ நல்லாப் பண்ணினா இந்த வேலை உனக்கு. சொதப்பினா பழையபடி தொட்டி. ஆறையும் குடிச்சுப் பார்த்து வெச்சுக்கோ."

அங்கேதான் சிக்கல். கார்த்திகை முதல் தேதி நான் மாலை போட்டிருந்தேன். அந்த வருடம் லீவில் போய் மலை ஏறுவதாக இருந்தது. துளசிமணி சட்டைக் காலருக்குள் உரசிக்கொண்டிருக்க, நாற்பத்தெட்டு நாள் மது, மாமிசம் எதுவும் கூடாது. முசஃபாவில் எங்கள் தங்குமிடத்துக்கு அடுத்த கேம்ப்பில் ஒரு வெல்டர் இருக்கிறார். பதினெட்டு முறை மலைக்குப் போனவர், அந்தத் தெருவில் மாலை போட்ட எல்லோருக்கும் அவர்தான் குருசாமி. நேராக அவரிடம் போனேன்.

"சாமி, வாயில வெச்சுட்டுத் துப்பிட்டா வெரதம் கெடுமா சாமி?"

"எதைச் சாமி?"

"ஒயினை."

பூஜைத் தட்டைத் துடைத்துக்கொண்டிருந்தவர் நிறுத்திவிட்டார். மாலை போட்டால் திட்டுவதற்கும் சாமி என்றுதான் கூப்பிட வேண்டும். அது அவருக்குப் பெரிய கஷ்டமாக இருந்தது. "சாமி, உங்களுக்குப் புத்தி இருக்கா சாமி?"

"பல்லு வெளக்கிட்டுத் துப்புறோம்ல? அது மாதிரின்னு…"

"பேஸ்ட்டுல போதை இருக்கா சாமி? கையால ஊத்திக் குடுக்குறது பொழப்பு. அதை ஐயப்பன் மன்னிப்பாரு. நாக்குல பட்டுச்சுன்னா மாலையைக் கழட்டி வெச்சிட்டுப் போயிருங்க. அப்புறம் எனக்கும் உங்களுக்கும் பேச்சில்ல."

அன்றிலிருந்து என் கால் ஓர் இடத்தில் நிற்கவில்லை. பஸ்ஸில் உட்கார்ந்தால் முழங்கால் ஆடும். கட்டிலில் படுத்தால் பாதம் ஆடி மேல்கட்டில்காரர் எழுந்துவிடுவார். "சாமி, கட்டில் ஓடுது சாமி." மேனேஜரிடம் உண்மையைச் சொல்லிவிடலாம் என்று மூன்று தடவை அவர் அறை வாசல் வரை போய், மூன்று தடவையும் கதவருகே இருந்த செடிக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டுத் திரும்பினேன். நாலாவது தடவை அவரே வெளியே வந்து, "அது பிளாஸ்டிக் செடி" என்றார்.

அப்போதுதான் எனக்கு ஒரு ஞானம் பிறந்தது. எது நல்ல ஒயின் என்று எனக்கு ஏன் நாக்கு வேண்டும்? இரண்டு மாதமாக அந்த ஆறு கிளாஸையும் கழுவியவன் நான். ஒன்றாம் எண்ணில் பாதி மிச்சம் இருக்கும். இரண்டிலும் மூன்றிலும் ஒரு விரற்கடை. ஐந்தையும் ஆறையும் தொட்டிருக்கவே மாட்டார்கள். ஆனால் நாலாம் எண், அந்த லெபனான் மலைக் குடும்பத்துச் சிவப்பு ஒயின், ஒரு நாள்கூட ஒரு சொட்டு மிச்சத்தோடு வந்ததில்லை. பச்சைக்குழந்தை பால் குடித்த பாலாடை மாதிரி துடைத்து வரும். ஊருக்கே பிடித்தது எதுவென்று என் தொட்டிக்குத் தெரியும். மற்ற ஒயின் நிபுணர்கள் கிளாஸ் மேஜைக்குப் போகும்போது பார்க்கிறார்கள், நான் திரும்பி வரும்போது பார்த்தவன். என்னை நானே தட்டிக்கொடுத்துக்கொண்டேன்.

வியாழக்கிழமை வந்தது. மாலைக்காகச் சவரம் செய்யாமல் விட்டிருந்த தாடியை மேனேஜர் படிய வாரச் சொன்னார். கண்ணாடியில் பார்த்தேன், சும்மா சொல்லக்கூடாது, தாடியோடு எனக்கு ஒயின் தெரிந்தவன் களை வந்திருந்தது.

நடுவில் இருந்த பெரிய மேஜையில் சென்னைக்காரர்கள் இரண்டு தம்பதிகள். மேனேஜர் வேண்டுமென்றே அந்த மேஜைக்குப் பக்கத்தில் நின்றார். ஆறும் ஊற்றி முடித்ததும் அவர்களில் கண்ணாடி போட்டவர், "எது எடுக்கலாம், நீங்களே சொல்லுங்க தம்பி" என்றார்.

"நாலு சார். கண்ணை மூடிக்கிட்டு நாலு. சின்னத் தோட்டம், ஒரே குடும்பம், அவங்களே பறிக்கிறாங்க. இதுவரைக்கும் இங்க யாருமே இதை மிச்சம் வெச்சதில்ல சார்."

அந்தக் கடைசி வரியில் என் குரலில் இருந்த உண்மை அவர்களை அசைத்துவிட்டது. இரண்டு பாட்டில் சொன்னார்கள். மேனேஜர் புருவத்தைத் தூக்கி என்னைப் பார்த்தார். நான் மிதந்துகொண்டே சுத்தமான கிளாஸ் எடுக்கப் பின்பக்கம் போனேன்.

கழுவும் இடத்துக்கு முன்னால் ஒரு சின்ன வளைவு உண்டு. அங்கே, மேஜைகளிலிருந்து எச்சில் கிளாஸ்களைத் தட்டில் தூக்கி வரும் யாழ்ப்பாணத்து அண்ணன், எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றிருந்தார். ஐம்பது வயது, என்னோடு நாலு வருடம் வேலை பார்த்தவர். தட்டில் ஓர மேஜை ஒன்றிலிருந்து வந்த ஆறு கிளாஸ். ஒன்றைத் தூக்கி, தலையைப் பின்னால் சாய்த்து, ஒரே மடக்கு. காம்பில் வளையம் தொங்கியது. நாலு.

"அண்ணே!"

அவருக்குப் புரையேறியது. "ஐயோ, மெல்ல! ஆருக்கும் சொல்லிப்போடாதை தம்பி."

"எவ்ளோ நாளா?"

"துவக்கத்தில இருந்துதான். மற்றதெல்லாம் வாயில வைக்கேலாது. உது ஒண்டுதான் சாமான்."

"அப்ப ஆளுங்க நாலை மிச்சம் வெக்கிறாங்களா?"

"மிச்சமோ? முக்கால்வாசி அப்பிடியே கிடக்கும். ஒரு வாய் வைப்பினம், மூஞ்சையைச் சுழிப்பினம், தள்ளி வைப்பினம்."

என் இரண்டு மாத ஆராய்ச்சி முழுவதும் ஒரே ஒரு மனிதரின் தொண்டைக்குள் போயிருந்தது. வளைவிலிருந்து எட்டிப் பார்த்தேன். கண்ணாடிக்காரர் நாலாம் கிளாஸில் ஒரு வாய் குடித்துவிட்டு, கஷாயம் குடித்தவர் மாதிரி மனைவியைப் பார்த்தார். மனைவி கிளாஸைத் தள்ளி வைத்தார். மேனேஜர் அதையும் பார்த்தார்.

"போச்சுண்ணே. தொட்டிதான். நீங்க கஷாயத்தையா ருசிச்சுக் குடிச்சீங்க?"

"விசர்க் கதை கதைக்காதை" என்று அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "பனங்கள்ளில ஒரு வாய் தந்தா எந்த மரம் எண்டு சொல்லுற ஆள் நான். எனக்கு வரேக்கை இது ஊத்தி முக்கால் மணித்தியாலம். காத்துப் பட்டு, அந்தத் துவர்ப்புக் கயர்ப்பெல்லாம் போய், சும்மா கனிஞ்ச நாவற்பழம் மாதிரி இருக்கும். அவை ஊத்தின கையோட குடிக்கினம். குடிக்க வேண்டாம் எண்டு போய்ச் சொல்லு."

"குடிக்க வந்தவங்ககிட்ட குடிக்காதன்னா?"

"அரை மணித்தியாலம் பொறுக்கட்டும். ஆட்டிறைச்சி வந்த பிறகு குடிக்கட்டும். போ, ஓடு!"

ஓடினேன். இரண்டு பாட்டிலையும் பெரிய கண்ணாடிக் கூஜாவில் கவிழ்த்தேன். "சார், தப்பு என்னோடது. இதை உடனே குடிக்கக் குடுத்திருக்கக் கூடாது. அரை மணி நேரம் பொறுத்துக்குங்க. மட்டன் வரட்டும்."

"நீங்க குடிச்சிருக்கீங்களா?" என்று கண்ணாடிக்காரரின் மனைவி கேட்டார். கேள்வியில் ஊசி இருந்தது.

மேனேஜர் இரண்டடி தூரத்தில். காலருக்குள் மணி குத்தியது. மாலை போட்டுக்கொண்டு பொய் சொல்லக்கூடாது. ஏற்கெனவே கம்பம் கணக்கில் ஒன்று பாக்கி இருந்தது.

"இல்லம்மா. மாலை போட்டிருக்கேன். மாலைக்கு முன்னாடியும் குடிச்சதில்ல. ஆனா நாக்கு தெரிஞ்ச ஒருத்தர் சொன்னாரு."

நாலு பேரும் ஒரே நேரத்தில் சிரித்தார்கள். "சாமியே ஒயின் விக்கிற ஊரை இப்பதான் பாக்குறேன்" என்றார் கண்ணாடிக்காரர். நான் மேனேஜர் பக்கம் திரும்பவே இல்லை.

அந்த அரை மணி நேரம் என் வாழ்நாளில் மிக நீளமானது. எட்டு மேஜையையும் சுற்றினேன். நேராக இருந்த முள்கரண்டிகளை நேராக்கினேன். ஒருவருக்கு மூன்று முறை தண்ணீர் ஊற்றி, "நான் ஒட்டகம் இல்ல" என்று இந்தியில் வாங்கிக்கட்டிக்கொண்டேன். கடைசியில் மட்டன் வந்தது. கண்ணாடிக்காரர் ஒரு துண்டு தின்று, ஒரு வாய் குடித்தார். இன்னொரு வாய் குடித்தார். தள்ளி வைத்த கிளாஸை அந்த அம்மா தானே இழுத்துக்கொண்டார். மூன்றாவது பாட்டில் சொன்னபோதுதான் எனக்கு மூச்சு வந்தது.

அன்று நடு மேஜையிலிருந்து நாலாம் எண் கிளாஸ்கள் நிஜமாகவே காலியாகத் திரும்பின. யாழ்ப்பாணத்து அண்ணன் தட்டைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார். "நல்ல வேலை பாத்தாய் போ. எனக்கு ஒண்டுமில்லை."

மேனேஜர் கூப்பிட்டார். "வேலை உனக்குத்தான். ஆனா அந்த நாக்கு யாரு?"

எச்சில் கிளாஸ் கதையைச் சொன்னால் அண்ணன் மறுநாளே ஊர் போக வேண்டியிருக்கும். "தட்டுத் தூக்குற அண்ணன் மேடம். கள்ளு விஷயத்துல பெரிய ஆளு" என்றேன். அது பொய் இல்லை.

அவருக்கு எவ்வளவு புரிந்ததோ தெரியாது. "புதுசா மூணு தோட்டத்து பாட்டில் வருது. அவரையும் உட்கார வை" என்றார்.

அடுத்த வாரம் அண்ணனுக்கு முன்னால் மூன்று சுத்தமான கிளாஸ், மூன்றிலும் புது ஒயின். மேனேஜர் பேனாவோடு எதிரில். அண்ணன் கிளாஸ்களைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கையைக் கட்டிக்கொண்டார்.

"என்ன, குடிக்கலையா?" என்றார் மேனேஜர்.

"எனக்கு ஊத்தின உடன சொல்லத் தெரியாது மேடம். முக்கால் மணித்தியாலம் இருக்கட்டும்."

மேனேஜர் பேனாவை மூடினார். அண்ணன் பாட்டுக்கு ஜன்னல் வழியே கார்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். மேஜைக்கடியில் என் முழங்கால் ஆடத் தொடங்கியது. மூன்று கிளாஸ்களிலும் ஒயின் மெல்ல அலை அடித்தது.

"சாமி, காலை நிறுத்து" என்றார் மேனேஜர். "காத்து போதும், பூகம்பம் வேண்டாம்."